நாகவல்லியின் கேக் தட்டு

ஐஸ் பெட்டியின் கண்ணாடி மூடியை மூன்றாவது தடவையாகத் தூக்கச் சொன்னான் நாகவல்லியின் தம்பி சின்னப்பையன். தூக்கினார்கள். அக்காவின் இடது கையைப் பார்த்தான், வலது கையைப் பார்த்தான், புடவை மடிப்பில் துழாவினான். மோதிரம் இல்லை. முப்பத்தொரு வருஷம் அது இருந்த விரலில் வெளுத்த வளையம் மட்டும் தெரிந்தது.

"குளிப்பாட்டுனது யாரு?" என்று கேட்டான்.

கேட்ட கேள்விக்குப் பதில் எல்லோருக்கும் தெரியும். விடியற்காலை ஐந்தரைக்கு அடுப்பில் பாலை வைத்துவிட்டு நாற்காலியில் உட்கார்ந்த நாகவல்லி அப்படியே சாய்ந்துவிட்டாள். புருஷன் தசரதன் சத்தம் போட்டதும் முதலில் ஓடிவந்தவள் பக்கத்து வீட்டு சாமுண்டீஸ்வரி. டாக்டர் வந்து கையை விரித்துவிட்டுப் போனபின் வெந்நீர் வைத்ததும், குளிப்பாட்டியதும், கிறிஸ்துமஸுக்கு எடுத்த மாம்பழ மஞ்சள் புடவையைக் கட்டிவிட்டதும் அவள்தான்.

"நான்தான். நான் தொடும்போதே மோதரம் இல்லியே" என்றாள் சாமுண்டீஸ்வரி.

"இல்லன்னா அப்பவே சொல்றதுக்கு இன்னா?"

"சொல்ற நேரமா அது?"

"உன்ன யாரும் ஒண்ணும் சொல்லல. எங்கனா கயட்டி வச்சிட்டு மறந்துட்டியான்னு கேக்குறேன். அவ்ளோதான்."

அவ்வளவுதான் என்று அவன் சொன்ன விதத்தில் எல்லாம் இருந்தது. சாமுண்டீஸ்வரி தசரதனைப் பார்த்தாள். பதினெட்டு வருஷமாக இந்த வீட்டில் காபி குடித்தவள், பெட்டிச் சாவி எங்கே இருக்கும் என்று தெரிந்தவள். அவர் ஒரு வார்த்தை சொன்னால் போதும். தசரதன் தரையைப் பார்த்தார். அவள் முந்தானையில் கையைத் துடைத்துக்கொண்டு வெளியே போனாள். பக்கத்து வீட்டுக் கதவு சாத்தப்படும் சத்தம் கேட்டது.

தசரதன் கெட்டவர் இல்லை. அண்ணனூர் ஷெட்டில் முப்பத்திநாலு வருஷம் ஃபிட்டராக இருந்தவர். மின்சார ரயிலின் அடிவயிற்றில் படுத்துக்கொண்டு போல்ட்டோடு பேசுவார், மனிதர்களோடு பேச அவருக்கு வராது. தண்ணீர் லாரிச் சண்டை, வாடகைச் சண்டை, சொந்தக்காரர் சண்டை எல்லாம் நாகவல்லியின் இலாகா. இன்றைக்கு அந்த இலாகா பெட்டிக்குள் படுத்திருந்தது.

அந்த மோதிரம் சாதாரண மோதிரமும் இல்லை. நாகவல்லி கோயில் மணி அடித்தால் சிலுவை போடுகிற வீட்டுப் பெண். தசரதன் ஆடிக்குக் கூழ் ஊற்றுகிற வீட்டுப் பையன். இரண்டு வீடும் கத்தி ஓய்ந்தபின் ரிஜிஸ்தர் ஆபீசில் மோதிரம் மாற்றிக்கொண்டார்கள். தாலி கிடையாது. "இத்தோடதான் என்னப் பொதைக்கணும், ஞாபகம் வச்சிக்கோ" என்று அவள் வருஷத்துக்கு ஒரு தடவையாவது சொல்வாள். மூன்று மணிக்கு அடக்கம். இன்று இருபத்துநாலாம் தேதி, சாயந்தரம் கிறிஸ்துமஸ் ஆராதனை இருப்பதால் ஃபாதருக்கு அதற்கு மேல் நேரமில்லை.

அப்போதுதான் மகள் காவ்யாவின் போன் அடித்தது. பதிப்பாளர் ஜானகிராமன். நல்ல மனுஷர். இரண்டு நிமிஷம் துக்கம் விசாரித்தார், ஒரு தடவை தொண்டையைச் செருமினார், பிறகு ஜனவரி இதழைப் பற்றிக் கேட்டார்.

நாகவல்லி நாவல் எழுதுகிறவள். நாற்பத்தியோரு மாத நாவல்கள். எல்லாவற்றிலும் துப்பறிகிறவள் மெஸ் மரகதம். அம்பத்தூர் எஸ்டேட்டில் மெஸ் நடத்திக்கொண்டு, சாம்பாரை நாக்கில் வைத்தே திருடனைக் கண்டுபிடிக்கிற பெண்பிள்ளை. இந்த நாவல்களில் ரத்தம் வராது. கொலையே நடந்தாலும் சாப்பாட்டு வேளை தவறாமல், மிக மரியாதையாக நடக்கும். இடையிடையே நாலு சமையல் குறிப்பு இருக்கும், அதில் ஒன்றில் துப்பு இருக்கும்.

டிசம்பர் கதைக்கு மட்டும் தனிச் சடங்கு உண்டு. இருபத்துமூன்றாம் தேதி சாயந்தரம் கடைசி அத்தியாயத்துக்கு முன்னால் வரை வீட்டாருக்குப் படித்துக் காட்டுவாள். திருடன் யார் என்று ஆளுக்கு ஒரு பேர் சொல்லவேண்டும். கடைசி அத்தியாயத்தை இருபத்துநாலாம் தேதிதான் எழுதுவாள், முன்னாலேயே எழுதினால் வீட்டில் களவு போய்விடும் என்று அவளுக்குப் பயம். மறுநாள் காலை பூசை முடிந்து கேக் வெட்டும்போது விடை வெளியாகும். கதையில் வருகிற தந்திரத்தை வீட்டுப் பலகாரத்திலேயே சோதித்தும் பார்ப்பாள். ஒரு வருஷம் கலகலாவில் ஒரே ஒரு பிடி மட்டும் உப்பு. ஒரு வருஷம் அதிரசத்துக்குள் காவ்யாவின் காணாமல்போன கம்மல். ஒரு வருஷம் ரோஸ் குக்கீஸ் சாப்பிட்ட எல்லோருடைய நாக்கும் நீலமாகி, அப்படியே கோயிலுக்குப் போய்ப் பாட்டுப் பாடினார்கள். சாமுண்டீஸ்வரி பதினெட்டில் பன்னிரண்டு தடவையாவது சரியாகச் சொல்லிவிடுவாள். தசரதன் ஒரு தடவைகூடச் சொன்னதில்லை. ஒரு வருஷம் மெஸ் மரகதத்தின் மேலேயே சந்தேகப்பட்டு, மூன்று நாள் சாப்பாட்டில் அதற்கான கேலியைச் சேர்த்துத் தின்றார்.

"இல்ல சார், கடைசி அத்தியாயம் எழுதல" என்று காவ்யா மூக்கை உறிஞ்சிக்கொண்டே சொல்லிக்கொண்டிருந்தாள். "மாமியார் தன் மோதரத்த மாவுல போட்றாங்க, மருமகளுக்குக் கிடைக்கட்டும்னு. பேக்கரில சுட்டுக் கொண்டாந்து வெட்டுனா மோதரம் இல்ல. கேக்குல ஒரு ஓட்டைகூட இல்ல. அங்கதான் நிக்குது சார்."

தசரதன் எழுந்து நின்றார்.

"மாவுல" என்றார்.

"இன்னா நைனா?"

"மோதரம் எங்க கீதுன்னு எனக்குத் தெரியும். வண்டிய எடு."

"எங்க போற?"

"பேக்கரிக்கு."

கூடத்தில் ஒரு கிழவி வாயில் கைவைத்தாள். பெண்டாட்டி பெட்டிக்குள் இருக்கும்போது கேக் வாங்கப் போகிற புருஷனை அந்தத் தெரு அதுவரை பார்த்ததில்லை. "மாமா, புத்தி கித்தி பேதலிச்சிடுச்சா?" என்று சின்னப்பையன் கையைப் பிடித்தான். தசரதன் உதறின உதறில் அவன் இரண்டடி தள்ளி நின்றான்.

காவ்யாவின் ஸ்கூட்டர் பின்னால் அவர் செருப்பில்லாமல் உட்கார்ந்து போனார். நெஞ்சு குதித்தது. இப்படி ஒரு நாளில் நெஞ்சு இப்படிக் குதிப்பது அவருக்கு வெட்கமாகவும் இருந்தது. ஆனாலும் நிறுத்த முடியவில்லை. நேற்று சாயந்தரம் அவள் பாத்ரூமில் சோப்பு போட்டு எதையோ தேய்த்துக்கொண்டிருந்ததும், "இன்னா பண்ற?" என்று கேட்டதற்கு "கிறிஸ்மஸ் அன்னிக்குத் தெரியும் போ" என்று சிரித்ததும் இப்போதுதான் ஒன்றோடு ஒன்று சேர்ந்தன.

"நைனா, அழுவுறியா சிரிக்கிறியா?"

"நீ ரோட்டப் பாத்து ஓட்டு."

அந்தப் பக்கத்தில் கிறிஸ்துமஸ் கேக்கை வீட்டில் யாரும் சுடுவதில்லை. மாவை வீட்டில் கலக்கி, தட்டில் ஊற்றி, பேர் எழுதிய சீட்டோடு யூசுப் பாய் பேக்கரியில் கொண்டுபோய்க் கொடுப்பார்கள். அவர் ரொட்டி அடுப்பில் சுட்டுத் தருவார். டிசம்பர் கடைசி வாரம் அந்தக் கடையில் நிற்க இடமிருக்காது. இன்றும் வாசலில் நாற்பது பேர், உள்ளே தட்டுக்கு மேல் தட்டாக நூறு தட்டு, தெரு முழுக்க ஏலக்காய் வாசனை.

"வா அண்ணாத்தே! அக்கா வரலியா?" என்று யூசுப் பாய் உள்ளிருந்தே கத்தினார். "அக்கா தட்ட விடியக்கால நாலு மணிக்கே சுட்டு வச்சிட்டேன். சீட்டுதான் சூட்ல எங்கயோ வுழுந்துச்சி."

அவருக்குத் தெரியாது. காவ்யாதான் சொன்னாள். யூசுப் பாய் கையிலிருந்த துணியை மேஜையில் வைத்தார். கடைக்குள் போய் ரேடியோவை நிறுத்திவிட்டு வந்தார்.

"ரெண்டு வாரமா வந்து கேட்டுக்கினே இருந்தாங்க" என்றார் மெதுவாக. "கனமான சாமான் மாவுல போட்டா எங்க போய் நிக்கும் பாய், நடுவுல நிக்குமா, அடிக்குப் போவுமான்னு. கதைக்குன்னு சொன்னாங்க."

"நீ இன்னா சொன்ன?"

"திராட்சையே மைதாவுல பொரட்டிப் போடலன்னா அடில போய்க் குந்திக்கும். இரும்பு சாமான் நிக்குமான்னு சொன்னேன்."

தட்டைக் கண்டுபிடிக்கத் தசரதனுக்குச் சீட்டு தேவைப்படவில்லை. அந்தத் தட்டை அவரே தகடு வெட்டிச் செய்திருந்தார், ஓரத்தில் மூன்று ரிவெட் ஆணி. வரிசையில் விரலை ஓட்டிக்கொண்டே போய் ஏழாவது அடுக்கில் நிறுத்தினார். யூசுப் பாய் கேக்கைப் பெரிய தாம்பாளத்தில் கவிழ்த்தார். வரிசையில் நின்றவர்கள் என்ன ஏது என்று தெரியாமலே எட்டிப்பார்த்தார்கள்.

அடிக்காகிதத்தை உரிப்பது வருஷா வருஷம் தசரதனின் வேலை. காகிதத்தில் ஒட்டியிருக்கும் கருகலைச் சுரண்டித் தின்பதற்காகவே அந்த வேலையை அவர் யாருக்கும் விட்டுக்கொடுத்ததில்லை. ஒரு மூலையைப் பிடித்து இழுத்தார். பாதி வட்டம் வந்தது. இன்னும் இழுத்தார். காகிதத்தோடு ஒட்டிக்கொண்டு, வெண்ணெயும் கருகலுமாக, மோதிரம் எழுந்து வந்தது. கேக்கின் அடியில் அது இருந்த இடத்தில் சின்னப் பள்ளம், அவ்வளவுதான்.

"கீதுடி! கீதுடி காவ்யா!" என்று அவர் கத்தினார். கடையே திரும்பியது. யூசுப் பாய் அவரைத் தோளோடு சேர்த்து அணைத்துக்கொண்டார். வரிசையில் யாரோ கை தட்டிவிட்டு, பக்கத்து ஆள் காதில் ஏதோ சொன்னதும் நிறுத்தினார்கள்.

காவ்யாவுக்குத்தான் பொறி தட்டியது. அம்மாவின் கையெழுத்துப் பிரதியைத் தட்டச்சு செய்கிறவள் அவள். "நைனா, அப்போ கதையிலயும் கேக்குல ஓட்ட இருக்காது. மேல பாத்துக்கினு இருந்தாங்க எல்லாரும். காகிதத்த உரிச்சவங்க கையோட போயிருக்கு!" போனை எடுத்து வேகவேகமாகத் தள்ளினாள். "நாலாவது அத்தியாயம். இரு. 'மாமனார் வழக்கம்போல் காகிதத்தை உரித்து எடுத்துக்கொண்டு பின்கட்டுக்குப் போனார்.' மாமனார் நைனா! அந்தாளுக்குக் கதை பூரா ஒரு வசனம்கூட இல்ல!"

"அவன் ஏன் எடுத்தான்?"

"எடுக்கணும்னு எடுத்திருக்க மாட்டான். வெளாட்டுக்கு ஒளிச்சி வச்சிருப்பான். அதுக்குள்ள வேலக்காரம்மாவ திருடின்னு சொல்லிட்டாங்க." அவள் இன்னும் கொஞ்சம் தள்ளிப் படித்தாள். "'வேலைக்காரியைத் திட்டியபோது மாமனார் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.'"

படித்துவிட்டு அவள் நிமிர்ந்து அப்பாவைப் பார்த்தாள். இருபத்தாறு வருஷத்தில் முதல்முறையாகத் திருடன் யார் என்று அவருக்குத் தெரிந்துவிட்டது. யாரைப் பார்த்து எழுதினாள் என்பதும் தெரிந்துவிட்டது. காது இரண்டும் எரிந்தன. பாவி மவளே, எல்லாத்தையும் பாத்துக்கினுதான் இருந்தியா என்று மனசுக்குள் அவளைத் திட்டினார். அவ்வளவு ஆசையாக அவளை அவர் ஒருநாளும் திட்டியதில்லை.

தெருவுக்குத் திரும்பியதும் அவர் தன் வீட்டு வாசலில் இறங்கவில்லை. ஐஸ் பெட்டியைச் சுற்றி நின்ற கூட்டத்தைத் தாண்டி, பக்கத்து வீட்டுக் கதவைத் தட்டினார். மூன்றாவது தட்டுக்குச் சாமுண்டீஸ்வரி திறந்தாள். கண் சிவந்திருந்தது. சின்னப்பையனும் இன்னும் நாலு பேரும் பின்னாலேயே வந்து நின்றார்கள்.

தசரதன் எல்லோருக்கும் கேட்கும்படி, அவருக்கே பழக்கமில்லாத குரலில் பேசினார். "மோதரத்த அவதான் கயட்டி கேக்கு மாவுல போட்டுக்கீறா. கதைக்காவ. பேக்கரில கெடச்சிது. இந்தப் பொண்ணு மேல எந்தத் தப்பும் இல்ல. எனக்கு அப்பவே தெரியும் இவ எடுக்க மாட்டான்னு. தெரிஞ்சும் வாயத் தொறக்கல. என்ன மன்னிச்சிடும்மா."

கேக் பிசுக்கோடு மோதிரத்தை நீட்டினார். சாமுண்டீஸ்வரி அதை வாங்கவில்லை. மோதிரத்தைப் பார்த்தாள், காவ்யா கையிலிருந்த தாம்பாளத்தைப் பார்த்தாள், கேக்கின் அடிப்பள்ளத்தைப் பார்த்தாள். அவள் முகம் மாறிக்கொண்டே வந்தது.

"அப்போ யாருணா?" என்றாள். "கதையில யாரு எடுத்தது?"

"மாமனாரு."

"அய்யோ! அந்தப் பேசாத மனுஷனா?" என்று சாமுண்டீஸ்வரி உரக்கச் சிரித்துவிட்டாள். "நான் மச்சினன்னு சொன்னேனே! என்ன ஏமாத்திட்டாங்களே அக்கா!" தெரு முழுக்க அந்தச் சிரிப்பு கேட்டது. யாரும் அவளை அடக்கவில்லை. அவளே புடவைத் தலைப்பை வாயில் வைத்துக்கொண்டு, உள்ளே போய் முகம் கழுவிவிட்டு வந்தாள்.

"நீயே போட்டு வுடும்மா" என்றார் தசரதன்.

கண்ணாடி மூடியை மறுபடி தூக்கினார்கள். விரல் விறைத்திருந்தது. மோதிரம் முதல் கணுவைத் தாண்டி இரண்டாவது கணுவில் நின்றுவிட்டது. சாமுண்டீஸ்வரி அவசரப்படவில்லை. விரலைத் தன் இரண்டு கைக்குள்ளும் வைத்துக் கொஞ்ச நேரம் சூடு பண்ணினாள்.

"கொஞ்சம் எண்ண வேணும்" என்றாள், யாரையும் பார்க்காமல்.

சின்னப்பையன் உள்ளே ஓடினான். அக்காவின் சமையலறையில் எது எங்கே இருக்கும் என்று அவனுக்குத் தெரியாது. பாத்திரம் உருளுகிற சத்தம் கேட்டது. கடைசியில் தேங்காய் எண்ணெய், நல்லெண்ணெய், கடலை எண்ணெய் என்று மூன்று பாட்டிலையும் மார்போடு அணைத்துக்கொண்டு வந்து அவள் பக்கத்தில் மண்டியிட்டு, ஒவ்வொன்றாக மூடியைத் திறந்து நீட்டினான்.

அவள் நல்லெண்ணெயில் ஒரு சொட்டுத் தொட்டுக்கொண்டாள். மோதிரம் போய் உட்கார்ந்த பிறகும், ஃபாதர் வந்து புத்தகத்தைத் திறந்த பிறகும், அவன் பாட்டில்களைக் கீழே வைக்காமல் அங்கேயே மண்டியிட்டிருந்தான்.