குனிய முடிந்தவர்

கண்ணாடிக்கடைக்காரர் வீட்டு கேட்டுக்கு முன்னால் லிஃப்ட்காரர் குனிந்தபோது வெளிச்சம் இன்னும் சரியாக வரவில்லை. கையில் ஒரு பிளாஸ்டிக் உறையைக் கையுறைபோல மாட்டியிருந்தார். தரையில் கிடந்ததை ஒரே பிடியில் அள்ளி, உறையை உள்புறம் வெளியே வரும்படி உருவி, இறுக்கி முடிச்சுப் போட்டார். பிறகு பாட்டில் தண்ணீரைக் கொஞ்சம் ஊற்றிச் செருப்புக் காலால் தேய்த்துவிட்டார். துரை பக்கத்தில் உட்கார்ந்து வேடிக்கை பார்த்தது. துரை அவருடைய நாய். பிறப்பில் எந்த வகை என்று சொல்ல முடியாத, ஒரு காது மடிந்த பழுப்பு நாய்தான். நடை மட்டும் ஏதோ நாலு கட்டடத்துக்குச் சொந்தக்காரனுடையதுபோல இருக்கும். அதனால் அந்தப் பெயர். அன்று அவர் அள்ளியது துரை போட்டது அல்ல. துரை தன் காரியத்தைத் தெருக்கோடிக் காலிமனை ஓரத்தில் முடித்திருந்தது; அதுவும் அள்ளப்பட்டு, இன்னொரு உறையில் அவருடைய இடது கையில் தொங்கிக்கொண்டிருந்தது.

பிறத்தியார் நாய் போட்டதை இவர் எதற்கு அள்ள வேண்டும் என்று கேட்டால் அவருடைய தொழிலைத்தான் காட்ட வேண்டும். முப்பது வருஷமாக லிஃப்ட் மெக்கானிக். லிஃப்ட் ஓடிக்கொண்டிருக்கும்வரை அதைப் பார்த்துக்கொள்கிறவன் ஒருவன் இருக்கிறான் என்பதே யாருக்கும் தெரியாது. நின்றால்தான் ஆள் அனுப்பிக் கூப்பிட்டுத் திட்டுவார்கள். ஆகவே நல்ல வேலை என்றால் நடந்ததே தெரியாத வேலை என்று அவர் மனதில் ஊறிப்போயிருந்தது. கோளாறு கண்ணில் படுவதற்குள் சரிசெய்துவிட்டால் கோளாறே இல்லை. தெரு விஷயத்திலும் இப்படியே நினைத்தார். இரும்புக் கயிற்றுக்கும் கப்பிக்கும் சரிப்பட்டு வருவது மனிதர்களிடம் தப்பாகப் போகும் என்று அவருக்குத் தோன்றவே இல்லை.

தெருவாசிகள் சங்கம் அந்த வருஷம்தான் விளக்குக் கம்பந்தோறும் ஒரு அறிவிப்பைக் கட்டியிருந்தது. நாயை நடத்திக் கூட்டிப் போகிறவர்கள் கையோடு உறை கொண்டுபோக வேண்டும். போட்டதை அங்கேயே எடுக்க வேண்டும். ஒரே நாய்மேல் மூன்று புகார் வந்தால் நாய் தெருவை விட்டுப் போக வேண்டும். தெருவில் ஏழு நாய்கள். ஆறு நாய்கள் சொந்த வீட்டு நாய்கள். துரை மட்டும்தான் வாடகை வீட்டு நாய். யாராவது எங்கேயாவது மிதித்துவிட்டால் கண்கள் முதலில் எந்த வீட்டுப் பக்கம் திரும்பும் என்பதை யாரும் அவருக்கு எடுத்துச் சொல்ல வேண்டியிருக்கவில்லை. எனவே அவர் விடிவதற்கு முன்பே எழுந்து, தெருவின் இந்த முனையிலிருந்து அந்த முனை வரைக்கும், யாருடையது என்று பார்க்காமல் எல்லாவற்றையும் அள்ளினார்.

இந்தப் பாடெல்லாம் துரைக்காக என்று சொன்னால் அது பாதி உண்மை. வீட்டுக்குள் முன்னறைக் கட்டிலில் அவருடைய மனைவி படுத்திருந்தாள். இருபத்திரண்டு வருஷம் டெலிபோன் ஆபரேட்டராக இருந்தவள். வேலையில் இருந்த காலத்தில் அவள் குரலை மட்டும் கேட்டுவிட்டு நேரில் பார்க்க வேண்டும் என்று வந்தவர்கள் உண்டு. அவர்களில் ஒருவர்தான் லிஃப்ட்காரர். பதினாலு மாதத்துக்கு முன்னால் பக்கவாதம் வந்தது. வலது பக்கம் போயிற்று, பேச்சும் போயிற்று. ஆஸ்பத்திரியில் படம் காட்டிக் கேட்டார்கள், மணி அடித்துக் கேட்டார்கள், இவர் காதருகே போய்க் கெஞ்சினார். ஒன்றுக்கும் அசையவில்லை. வீட்டுக்கு வந்த ஒன்பதாவது வாரம், வாசலில் நின்ற துரையைப் பார்த்து "வா" என்றாள். அவ்வளவுதான். துரை போய்க் கட்டிலோரம் உட்கார்ந்தது. செத்துக் கிடந்த வலது கை மெல்ல நகர்ந்து வந்து அந்த மடிந்த காதைப் பிடித்துக்கொண்டது. அன்று லிஃப்ட்காரர் குளியலறைக்குள் போய்க் குழாயைத் திறந்துவிட்டுக்கொண்டு அழுதார். அதற்குப் பிறகு தினமும் அந்த ஒரு சொல், தினமும் அந்தக் கை. இவரைப் பார்த்து அவள் ஒருநாளும் "வா" என்றதில்லை. அதில் அவருக்கு வருத்தம் இல்லாமல் இல்லை. ஆனால் கிடைத்ததைப் பிடித்துக்கொண்டார்.

கண்ணாடிக்கடைக்காரர் வாசலில் போடுவது யாருடைய நாய் என்பது சீக்கிரமே தெரிந்துவிட்டது. நாலு வீடு தள்ளி இருக்கும் பெரியவர் வீட்டு வெள்ளை நாய். ஒருநாள் பனிமூட்டத்தில் பெரியவர் அங்கேயே மாட்டிக்கொண்டவர் மாதிரி நின்றிருந்தார். ஒரு கையில் தடி, ஒரு கையில் நாய்ச் சங்கிலி, கால்மாட்டில் அது. எண்பத்திரண்டு வயது, இடுப்பில் தகடு வைத்திருக்கிறது. லிஃப்ட்காரரைக் கண்டதும் முகம் கோணியது.

"குனிய முடியலை தம்பி," என்றார். "மருமகளுக்குத் தெரிஞ்சா வெளிய விடமாட்டா. அப்புறம் நான் ஜன்னல்தான்."

"விடுங்க ஐயா. நான் பாத்துக்கறேன்."

"யார்கிட்டயும்…"

"சொல்ல மாட்டேன்யா."

மருமகள் வேறு யாருமில்லை, வாரம் மூன்று நாள் வந்து இவர் மனைவிக்குக் கைகால் பயிற்சி கொடுக்கும் பிசியோதெரபிஸ்ட். 'அக்கா, இன்னும் ஒரு தடவை, இன்னும் ஒரே ஒரு தடவை' என்று சிரித்துக்கொண்டே வேலை வாங்குவாள். துரையின் காதைப் பிடிக்க வைத்தே விரல்களை விரிக்கப் பழக்கியவளும் அவள்தான். அந்த வீட்டுக்கு ஒரு உபகாரம் செய்ய வாய்த்ததே என்று லிஃப்ட்காரருக்கு உள்ளுக்குள் சந்தோஷம்கூட இருந்தது. பெரியவரும் நாளாக நாளாகக் கூச்சம் விட்டுப்போய், அது போட்ட இடத்தைத் தடியால் சுட்டிக் காட்டிவிட்டு நடக்க ஆரம்பித்தார்.

மற்றவர்கள் இன்னும் வேகமாகப் பழகிக்கொண்டார்கள். தெரு எப்போதும் சுத்தமாக இருக்கிறது. ஆகவே தாங்கள் போட்டுவிட்டுப் போனதும் எப்படியோ சுத்தமாகிவிடுகிறது. உறை கொண்டுபோகிறவர்கள் ஒவ்வொருவராக நிறுத்தினார்கள். ஆரம்பத்தில் ஒரு நடைக்கு மூன்று உறை எடுத்துப் போன லிஃப்ட்காரர் எட்டு, ஒன்பது என்று எடுத்துப்போனார். ஒரு நாள் அவர் காய்ச்சலில் படுத்தபோது தெரு நாறியது. அந்த ஒரு நாளைக்குப் பிறகுதான் பேச்சு கிளம்பியது. வாடகை வீட்டுக்காரர் அள்ளாத அன்றைக்குத் தெரு அசிங்கமாகிறது என்றால், அசிங்கம் செய்வது யார் நாய்? இதைக் கண்டுபிடித்தவர் சங்கச் செயலாளர், ஊருக்கெல்லாம் பார்வையைச் சோதித்துக் கண்ணாடி மாட்டிவிடுகிற நம் கண்ணாடிக்கடைக்காரர்தான்.

மாடியில் மறைந்து நின்று அவர் எடுத்த படங்கள் சங்கத்தின் வாட்ஸ்அப் குழுவில் வந்தன. மூன்று நாள், மூன்று படம், மூன்று புகார். ஒவ்வொன்றிலும் அவர் வீட்டு கேட், கீழே அது, அதன்மேல் குனிந்த லிஃப்ட்காரர், பக்கத்தில் துரை. ஆள் பார்த்தால்தான் எடுக்கிறார், மற்ற நாளில் அப்படியே விட்டுவிடுகிறார் என்று கீழே எழுதியிருந்தார். கையும் களவுமாக என்பார்களே, அதற்கு இதைவிட நல்ல படம் கிடைக்காது. வேறு நாயின் கழிவைத் தேடிப் போய் அள்ளுகிற மனிதன் உலகத்தில் உண்டு என்று யாருக்குத் தோன்றும்? வீட்டுச் சொந்தக்காரரிடமிருந்து அன்றைக்கே போன் வந்தது. நாய் போக வேண்டும், இல்லை வீட்டைக் காலி செய்ய வேண்டும். படுக்கையில் கிடப்பவளைத் தூக்கிக்கொண்டு எந்த வீட்டைத் தேடுவது?

ஞாயிற்றுக்கிழமை செயலாளர் வீட்டுக் கார் நிறுத்துமிடத்தில் கூட்டம் போட்டார்கள். பிளாஸ்டிக் நாற்காலிகள், நடுவே ஒரு மேசை, மேசைமேல் படங்களை அச்செடுத்து வைத்திருந்தார்கள். லிஃப்ட்காரர் சலவைச் சட்டை போட்டுக்கொண்டு போய்க் கடைசி வரிசையில் உட்கார்ந்தார். பெரியவர் முன்வரிசையில் தடியை முழங்காலுக்கு நடுவே வைத்துக்கொண்டு இருந்தார். அவரைப் பார்த்ததும் லிஃப்ட்காரருக்குப் பாதி பயம் போய்விட்டது. பெரியவர் சொல்லிவிடுவார். எல்லாவற்றையும் சொல்ல வேண்டாம், 'என் நாயும் அங்கே போகும்' என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும். தான் கொடுத்த வாக்கை மீற வேண்டியதில்லை. அவருடைய சங்கதியை அவரே சொல்வதுதான் முறை. செயலாளர் படங்களை ஒவ்வொன்றாகத் தூக்கிக் காட்டி, தேதியும் நேரமும் வாசித்து, இதெல்லாம் உங்கள் நாய் போட்டதுதானே என்று கேட்டார். லிஃப்ட்காரர் இல்லை என்றார். பின்னே யாருடையது என்றார்கள். லிஃப்ட்காரர் பெரியவரின் முதுகைப் பார்த்தார். பெரியவர் மூக்குக்கண்ணாடியைக் கழற்றி வேட்டி நுனியால் துடைத்தார்.

அப்போது எழுந்தவள் மருமகள்தான். கோபத்தில் அல்ல, நிஜமான மனவருத்தத்தில் அவள் குரல் தழுதழுத்தது.

"நீங்க இப்படிச் செய்வீங்கன்னு நான் நெனைக்கலண்ணா. போட்டதை உடனே எடுக்காம, ஆள் பாக்கறாங்களான்னு பாத்துப் பாத்து எடுத்திருக்கீங்க. எங்க மாமாவுக்கு எண்பத்திரண்டு வயசு. இடுப்புல தகடு வெச்சிருக்கு. அவர் தினமும் குனிஞ்சு எடுக்கறாரு. உங்களால முடியலையா?"

ஒரு லிஃப்ட் இரண்டு மாடிக்கு நடுவே நின்றுபோனால் உள்ளே இருப்பவர்களுக்கு முதலில் ஒரு அமைதி வரும். அந்த அமைதிதான் அப்போது லிஃப்ட்காரருக்குள் வந்தது. பெரியவர் துடைத்துக்கொண்டே இருந்தார். கண்ணாடியில் தேய இன்னும் என்ன மிச்சமிருக்கும் என்று தெரியவில்லை. கண்ணாடி ஒருமுறை விரலிலிருந்து நழுவி மடியில் விழுந்தது. அதையும் லிஃப்ட்காரர் பார்த்தார். இப்போது வாயைத் திறந்தால் அந்தக் கிழவர் ஜன்னலோடு போய்விடுவார், மாமனாரைப் பொய்யராக்கியவன் வீட்டுக்கு மருமகள் எந்த முகத்தோடு வருவாள், சொன்னாலும் இவர்கள் நம்புவார்களா என்று ஒன்றன்பின் ஒன்றாகத் தோன்றியது. இன்னும் கொஞ்ச நேரம் பொறுத்தால் பெரியவர் பேசிவிடுவார் என்று காத்திருந்தார். காத்திருந்த நேரத்தில், நாயை அனுப்பிவிடச் சம்மதம் என்று எழுதிய காகிதத்தை அவர் முன்னால் நீட்டிவிட்டார்கள். கையெழுத்துப் போட்டார்.

மருமகள் கெட்டவள் இல்லை. நாயைத் தெருவில் விட வேண்டாம், நகரத்துக்கு வெளியே தனக்குத் தெரிந்த ஒரு காப்பகம் இருக்கிறது, அங்கே ஓடியாட இடம் உண்டு என்று அவளே ஏற்பாடு செய்தாள். அக்காவின் விரலுக்கு ஒரு ரப்பர் பந்து போதும் என்றாள். புதன்கிழமை வேன் வந்தது. துரை எங்கோ பெரிய இடத்துக்கு அழைப்பு வந்ததுபோலத் தானே ஏறி உட்கார்ந்தது. கதவு சாத்திய பிறகுதான் அதற்கு விஷயம் புரிந்தது. அந்தச் சத்தம் உள்ளே கட்டில் வரைக்கும் கேட்டிருக்கும். லிஃப்ட்காரர் காதைப் பொத்திக்கொள்ளவில்லை. பொத்திக்கொள்ளத் தனக்கு யோக்கியதை இல்லை என்று நினைத்தார்.

அன்று சாயங்காலம் அவள் "வா" என்றாள். மறுநாள் காலையில் பலமுறை சொன்னாள், ஒவ்வொரு தடவையும் வாசலைப் பார்த்து. வெள்ளிக்கிழமை ஒரே ஒரு தடவை. ரப்பர் பந்து கையிலிருந்து உருண்டு கட்டிலுக்கு அடியில் போயிற்று. சனிக்கிழமை அவளிடமிருந்து சத்தமே இல்லை.

ஞாயிற்றுக்கிழமை காலையில் குப்பை போட வெளியே வந்தவர் கண்ணாடிக்கடைக்காரர் வாசலில் பெரியவரைப் பார்த்தார். வெள்ளை நாய் ஓரமாக நின்றது. பெரியவர் ஒரு கையால் கேட்டுக் கம்பியைப் பிடித்துக்கொண்டு, மறு கையில் ஒரு உறையோடு குனிந்திருந்தார். முதல்முறையாக முயற்சி செய்கிறார். கை தரைக்கு இரண்டு சாண் மேலேயே நின்று ஆடியது. கீழேயும் போக முடியவில்லை, மேலேயும் வர முடியவில்லை. கேட் திறந்து கண்ணாடிக்கடைக்காரர் ஓடிவந்து அவரைத் தாங்கி நிமிர்த்தினார்.

"நீங்க எதுக்குய்யா இதையெல்லாம்? அந்தாள் நாய் போட்டது இன்னும் போகலை பாருங்க," என்றார்.

நாய் போய் நாலு நாள் ஆகிறது. கீழே கிடந்தது இன்னும் ஈரம் காயாமல் இருந்தது. பெரியவர் லிஃப்ட்காரரைப் பார்த்தார். வாய் திறந்தது. பிறகு, "ஆமா," என்றார்.

லிஃப்ட்காரர் குப்பையைக்கூடப் போடாமல் அதோடு வீட்டுக்குள் திரும்பினார். கத்த வேண்டும்போல இருந்தது. கத்துவதற்கு வீட்டிலும் இடமில்லை. கை கழுவினார். முன்னறைக்குப் போனார். அவள் விழித்திருந்தாள், உத்தரத்தைப் பார்த்துக்கொண்டு. வலது கை கட்டில் விளிம்பில் கிடந்தது, நாலு நாளாக அது நகரவில்லை. "ஏதாவது சொல்லேன்," என்றார். "திட்டவாவது செய்யேன்." அவள் திரும்பவில்லை. அவர் முழங்காலைப் பிடித்துக்கொண்டு மெல்லத் தரையில், துரை படுக்கும் சாக்கின்மேல் உட்கார்ந்தார். சாக்கில் இன்னும் அதன் வாடை இருந்தது. கட்டில் சட்டத்தோடு ஒட்டி, அந்தக் கைக்கு அடியில் தலையைக் கொடுத்தார்.

முதலில் ஒன்றும் நடக்கவில்லை. அப்புறம் கை அசைந்தது. ஐந்து விரலும் விரிந்து அவருடைய நரைத்த முடிக்குள் இறங்கி, பக்கவாட்டில் நகர்ந்து, தேடிக்கொண்டே வந்து அவர் காதைத் தொட்டது. அவர் மூச்சை அடக்கிக்கொண்டார். விரல்கள் காதின் விளிம்பை ஒருமுறை சுற்றிப் பார்த்தன. மடிப்பைத் தேடின. மறுபடியும் ஒருமுறை சுற்றின. பிறகு கை மெதுவாக அவர் தலையை விட்டு எழுந்து, போர்வைக்குள் போயிற்று.