மூன்றாவது பெயர்

பெரம்பலூர் வட்டாரத்தில் முத்தமிழ்செல்வனுக்கு ஒரு புகழ் இருந்தது. பக்கத்துப் பக்கத்தில் இருக்கும் இரண்டு மூன்று பொறியியல் கல்லூரிகளின் ஸ்டாஃப் ரூமைத் தாண்டினால் அது செல்லாது. ஆனால் அந்த எல்லைக்குள் அவன் ராஜா. கட்டுரையை லாடெக்கில் அனுப்பு என்று ஆய்விதழ்க்காரர்கள் கேட்டுவிட்டால், முனைவர் பட்டம் வாங்கியவர்களும் பென் டிரைவைக் கையில் பிடித்துக்கொண்டு அவன் மேசை முன்னால் வந்து நிற்பார்கள்.

லாடெக் என்பது கட்டுரையை அச்சுக்குத் தயார் செய்யும் மென்பொருள். கட்டளைகளாக எழுதிக் கொடுத்தால் பக்கத்தை அதுவே கட்டித் தரும். ஓர் அடைப்புக்குறி விட்டுப்போனாலும் மொத்தக் கட்டுரையும் வரமாட்டேன் என்று படுத்துக்கொள்ளும். அதனால் பலருக்கு அதைக் கண்டால் பயம். அந்தப் பயத்தில்தான் முத்தமிழ்செல்வனின் மரியாதை குடியிருந்தது. கணிதத் துறையில் உதவிப் பேராசிரியர் வேலை. சொந்தமாக எழுதி வெளியிட்ட கட்டுரை என்று யாராவது கேட்டால் பேச்சை மாற்றிவிடுவான். ஊர்க் கல்யாணத்துக்கெல்லாம் பந்தல் போடுகிறவன் தன் கல்யாணத்தைத் தள்ளிப்போட்டுக்கொண்டே போவது மாதிரி.

கல்லூரி சொந்தமாக ஓர் ஆய்விதழ் தொடங்கியபோது வேலை அவனிடம் வந்தது. தலைப்பு எவ்வளவு பெரிதாக இருக்க வேண்டும், ஓரம் எவ்வளவு விட வேண்டும் என்று தீர்மானிக்கிற டாக்குமென்ட் கிளாஸ் ஃபைலை அவனே எழுதினான். கட்டுரையின் கடைசியில் மேற்கோள் பட்டியல் வருமே, அது எப்படி வர வேண்டும் என்று சொல்கிற பிப்ளியோகிராபி ஸ்டைலையும் அவனே எழுதினான். எழுதினான் என்றால் இணையத்தில் கிடந்த ஒன்றை இறக்கி அங்கங்கே தட்டி நிமிர்த்தினான். இதழ் முதல் தடவை கட்டி வந்தபோது கையில் எடுத்துப் பார்த்த நிர்வாகச் செயலாளர், தலகாணி மாதிரி இருக்கு, இளைக்க வையுங்க என்று சொல்லிவிட்டுப் போனார்.

எதை இளைக்க வைப்பது? கட்டுரைகள் எல்லாம் மேலதிகாரிகளுடையவை. அதில் ஒரு வரியை எடுத்தாலும் அடுத்த வருஷம் இன்கிரிமென்ட்டில் எடுத்துவிடுவார்கள். முத்தமிழ்செல்வன் யோசித்து, ஸ்டைல் ஃபைலைத் திறந்து, மேற்கோளில் எத்தனை ஆசிரியர் பெயர் வரலாம் என்று முடிவு செய்கிற இடத்தைக் கண்டுபிடித்தான். அதில் இரண்டு என்று போட்டான். மிச்சப் பெயர்களுக்குப் பதிலாக ‘எட் ஆல்’ வந்துவிடும். மற்றும் பலர் என்பதை லத்தீனில் சுருக்கினால் எட் ஆல். இதழ் சட்டென்று இளைத்தது. செயலாளர் மகிழ்ந்தார். சிவில் துறைத் தலைவரும் இதழின் ஆசிரியருமான செல்லதுரை, அவன் முதுகில் தட்டிக் கொடுத்தார். அந்தத் தட்டு சாயங்காலம் வரை முதுகில் இனித்துக்கொண்டிருந்தது.

அந்தக் கல்லூரியில் கட்டுரைக்குப் பெயர் போடுவதில் எழுதி வைக்காத சட்டம் ஒன்று உண்டு. முதல் பெயர் முதல்வருடையது. அவர் கட்டுரையைப் படித்திருக்க வேண்டிய அவசியம் இல்லை. இரண்டாவது துறைத் தலைவருடையது. அவர் தலைப்பு வரை படித்திருப்பார். மூன்றாவதாக வருவதுதான் வேலை செய்த ஆளின் பெயர். கல்யாணப் பத்திரிகையில் தலைமை, முன்னிலை எல்லாம் தாண்டி மாப்பிள்ளை யார் என்று தேடிக் கண்டுபிடிப்பதில்லையா, அப்படி.

ஆகவே இரண்டோடு வெட்டினால் வெட்டுப்படுவது யார் என்பது முத்தமிழ்செல்வனுக்குத் தெரியாத விஷயம் அல்ல. யோசிக்கவில்லை, அவ்வளவுதான். அல்லது யோசித்துவிட்டு யோசிக்காதவன் மாதிரி இருந்தான். எது உண்மை என்று பிற்பாடு அவனே எவ்வளவோ அலசிப் பார்த்தான். பிடிபடவில்லை.

கலையரசி சிவில் துறையின் ஆராய்ச்சி மாணவி. ஊர் மீன்சுருட்டி. அப்பாவும் அம்மாவும் அடுத்தவர் வயலில் கூலிக்கு இறங்கியவர்கள். அந்த வீட்டிலிருந்து முதன்முதலில் கல்லூரிப் படி ஏறியவள் அவள். கரும்புச் சக்கையை எரித்த சாம்பலைச் சிமெண்டில் கலந்தால் கான்கிரீட் தாங்குமா என்பது ஆராய்ச்சி. எறையூர் சர்க்கரை ஆலையிலிருந்து சாம்பலைச் சாக்கில் கட்டி, லக்கேஜ் சண்டை போட்டு பஸ்ஸில் ஏற்றிக்கொண்டு வருவாள். சலித்து, கலந்து, கட்டி வார்த்து, கடைசியில் உடைத்துப் பார்த்துக் கணக்கெழுதுவாள். அப்படி வந்த கட்டுரைகளில் எல்லாம் அவள் மூன்றாவது பெயர்.

முதுகில் தட்டு வாங்கிய அன்றே மத்தியானம் புதிய இதழின் அச்சுப்படியோடு அவள் முத்தமிழ்செல்வன் மேசை முன்னால் வந்து நின்றபோது செல்லதுரை எதிரில் உட்கார்ந்து டீ குடித்துக்கொண்டிருந்தார்.

"சார், பழைய பேப்பர் எல்லாத்துலயும் என் பேரு இருக்குங்க. இங்க ரெபரன்ஸ்ல மட்டும் வரலீங்களே."

நான்தான் வெட்டினேன் என்று சொல்ல ஒரு மூச்சு போதும். ஆனால் செல்லதுரை டீ கிளாஸைக் கீழே வைத்துவிட்டு அவனையே பார்த்தார். காலையில்தான் தட்டிக் கொடுத்த கை. ஒரு மாணவி கேட்டதற்காக, அவர் முன்னால், தன் சாதனையைத் தானே தப்பு என்று எப்படிச் சொல்வது?

"அது இன்டர்நேஷனல் ஸ்டைல்மா. ரெண்டு பேருக்கு மேல போனா எட் ஆல்தான். உலகம் பூரா அப்படித்தான்" என்றான்.

உலகத்தை எதற்கு இழுத்தான் என்று தெரியவில்லை. உலகம் அந்தப் பக்கமே வரவில்லை. கலையரசி உடனே நம்பினாள். தெரியாமல் கேட்டுவிட்டேன் என்று மன்னிப்பு வேறு கேட்டாள். பிறகு, அந்த ஸ்டைல் ஃபைலைத் தனக்கும் தர முடியுமா, இனிமேல் தானும் முறைப்படியே போட்டுக்கொள்கிறேன் என்றாள். முத்தமிழ்செல்வன் கிளாஸ் ஃபைலையும் ஸ்டைல் ஃபைலையும் அவள் பென் டிரைவில் ஏற்றி, எப்படிச் சேர்ப்பது என்பதையும் பொறுமையாகச் சொல்லிக் கொடுத்தான். வெட்டிய அரிவாளையே வெட்டுப்பட்டவள் கையில் கொடுத்துவிட்டு, அன்னதானம் செய்தவன் மாதிரி அன்று வீட்டுக்குப் போனான்.

சில மாதம் கழித்து அரியலூரில் ஓர் அரசுக் கல்லூரியிலிருந்து அவனை அழைத்தார்கள். அங்கே பேராசிரியர் நர்மதாவுக்குக் கட்டுமானப் பொருள்கள் பற்றி ஓர் ஆராய்ச்சித் திட்டம் கிடைத்திருந்தது. அதில் உதவிக்கு ஓர் ஆள் எடுக்க வேண்டும். நேர்காணல் குழுவில் வெளியாள் ஒருவர் இருந்தாக வேண்டும் என்பது விதி. வேறு யாரும் அகப்படாததால் அவன் நிபுணர் ஆனான். இஸ்திரி போட்ட வெள்ளைச் சட்டையில் பைக்கில் கிளம்பி, சிமெண்ட் லாரிகளுக்குப் பின்னால் போய், சட்டையின் நிறம் என்னவென்று சொல்ல முடியாத நிலையில் அரியலூரில் இறங்கினான்.

அடுத்தது கலையரசி என்று உள்ளே அழைத்தபோதுதான் அவளும் விண்ணப்பித்திருப்பது அவனுக்குத் தெரிந்தது. அவனைப் பார்த்ததும் அவள் முகத்தில் ஒரு தெம்பு வந்தது. அவளுடைய விண்ணப்பம் நர்மதாவின் கையில் இருந்தது. அவனுடைய கிளாஸ் ஃபைலில், அவன் விட்ட ஓரத்தோடு, அவன் தேர்ந்தெடுத்த எழுத்தில், அச்சடித்த புத்தகம் போல இருந்தது.

நர்மதா அதைப் புரட்டிவிட்டு, இவ்வளவு அழகாக யார் செய்து கொடுத்தது என்று கேட்டார். தானே செய்ததாகவும், ஸ்டைல் மட்டும் சார் கொடுத்தது என்றும் கலையரசி சொன்னாள். முத்தமிழ்செல்வன் அடக்கமாகச் சிரித்தான். வாழ்நாளில் ஏதாவது ஒன்றைத் திரும்ப வாங்கிக்கொள்ளலாம் என்றால், அவன் அந்தச் சிரிப்பைத்தான் வாங்குவான்.

நர்மதா கடைசிப் பக்கத்துக்குப் போனார். அங்கே கலையரசி வெளியிட்ட கட்டுரைகளின் பட்டியல் இருந்தது. அவர் மூக்குக்கண்ணாடியைச் சரிசெய்துகொண்டு மேலிருந்து கீழே பார்த்தார். திரும்ப மேலே போனார்.

"இதுல நீங்க எங்கம்மா இருக்கீங்க?"

கலையரசி எழுந்து, குனிந்து, விரலை வைத்துக் காட்டினாள். "இந்த எட் ஆல்ல இருக்கேங்க மேடம். இதுலயும்ங்க. எல்லாத்துலயும் இந்த எட் ஆல்தாங்க நான்."

"சொந்த பேப்பர் லிஸ்ட்ல சொந்தப் பேரு போடலியா?"

"ரெண்டு பேருக்கு மேல போட்டா முறை இல்லைங்க மேடம். இன்டர்நேஷனல் ஸ்டைலுங்க."

தன் கட்டுரைகளின் பட்டியலில் ஆறு பேர் பெயர்கூட இருக்கிறது, ஒரு வெளிநாட்டு இதழும் அதைக் கேட்டதில்லை என்று நர்மதா மெதுவாகச் சொன்னார். யார் உங்களுக்கு அப்படிச் சொன்னது என்றும் கேட்டார்.

முத்தமிழ்செல்வன் தன் பேனா மூடியைக் கழற்றினான், மாட்டினான். கலையரசி அவன் பக்கம் திரும்பியிருந்தால்கூட அவனுக்குக் கொஞ்சம் நிம்மதியாக இருந்திருக்கும். அவள் திரும்பவில்லை. மேசையையே பார்த்துக்கொண்டு, "எங்கயோ படிச்சதுங்க மேடம்" என்றாள். காது மடல் வரை அவளுக்குச் சிவந்திருந்தது. அந்த நேரத்தில் அவளுக்கு எல்லாம் புரிந்துவிட்டது என்பதும், புரிந்த பிறகும் தன்னைக் காட்டிக் கொடுக்கவில்லை என்பதும் அவனுக்குத் தெரிந்தது. அப்போதும் அவன் வாயைத் திறக்கவில்லை.

அவள் வெளியே போனதும், குழுவில் இருந்த இன்னொரு பேராசிரியர், யாரோ பெரிய மனுஷங்க பேப்பரை எடுத்துத் தன்னோடதுன்னு காட்டுது போலிருக்கு, கேட்டதும் உளறிடுச்சு பாத்தீங்களா என்றார். நர்மதா மதிப்பெண் தாளில் வெளியீடுகள் என்ற கட்டத்துக்கு நேராகப் பேனாவைக் கொண்டுபோனார்.

முத்தமிழ்செல்வன், அது ஒரு டெக்னிக்கல் எர்ரர் என்றான். ஸ்டைல் ஃபைலில் சில சமயம் அப்படி ஆகும் என்றான். பாதி உண்மையைச் சொல்லி முழுக்கத் தப்பிக்கிற வழி அது. கல்லூரி வாழ்க்கையில் எத்தனையோ தடவை கைகொடுத்த வழி.

"எர்ரர்னா அந்தப் பொண்ணு தப்பா வந்திருக்குன்னு சொல்லியிருக்கும். முறைன்னுல்ல சொல்லுச்சு" என்றார் நர்மதா. "ஒருத்தர் சொல்லிக் குடுக்காம அவ்வளவு உறுதியா வராது சார்."

அவன் பேனாவை மூடி மேசையில் வைத்தான்.

"நான் சொல்லிக் குடுத்ததுங்க மேடம்" என்றான். "ஃபைலும் என்னுது. இதழு குண்டா இருக்குன்னாங்க, பேரை வெட்டினேன். அந்தப் பொண்ணு கேட்டுச்சு. பொய் சொல்லிட்டேன்."

இன்னொரு பேராசிரியர் ஜன்னல் பக்கம் பார்த்தார். நர்மதா திட்டவில்லை. திட்டியிருந்தால் அதைப் பிடித்துக்கொண்டு கொஞ்சம் கோபப்பட்டாவது தப்பித்திருக்கலாம். அவர் பேனாவைக் கீழே வைத்துவிட்டு, இதை அந்தப் பெண் முன்னாலேயே சொல்லிவிடுங்கள் என்று ஆள் அனுப்பி அவளை உள்ளே கூப்பிட்டார்.

முத்தமிழ்செல்வன் எழுந்து நின்று சொன்னான். வகுப்பில் கணக்கு வராத பையன் கரும்பலகைக்கு முன்னால் நிற்பது மாதிரி நின்றான். கடைசி வரை கேட்டுவிட்டு கலையரசி ஒன்றே ஒன்று கேட்டாள்.

"அன்னிக்கு நான் வந்து கேட்டப்பவே தெரியும்ங்களா சார் உங்களுக்கு?"

"தெரியும்மா."

அவள் தலையசைத்தாள். அவ்வளவுதான். பரவாயில்லைங்க சார் என்று சொல்வாள் என எதிர்பார்த்து அவன் அரை நிமிடம் நின்றிருப்பான். அவள் சொல்லவில்லை. அவன் உட்கார்ந்தான்.

நர்மதா ஒவ்வொரு கட்டுரையாக இணையத்தில் தேடி அதன் முதல் பக்கத்தைத் திறந்தார். தலைப்புக்குக் கீழே மூன்றாவதாகக் கலையரசியின் பெயர் இருந்தது. ஒவ்வொன்றையும் அவர் வாய்விட்டுப் படித்தார். மதிப்பெண் தாளில் அந்தக் கட்டம் நிரம்பியது. அப்படியே சாம்பலைப் பற்றிப் பேச்சு வந்தது. எந்தச் சூட்டில் எரித்தது, எத்தனை தடவை சலித்தது என்று நர்மதா கேட்க, கலையரசி சொல்லச் சொல்ல, முத்தமிழ்செல்வன் அந்த அறையில் இருப்பதையே இருவரும் மறந்துவிட்டார்கள். இன்னும் இரண்டு பேரைப் பார்க்க வேண்டியிருக்கிறது, முடிவை அப்புறம் தெரிவிக்கிறோம் என்று சொல்லி நர்மதா அவளை அனுப்பினார்.

மாலையில் அவன் வெளியே வந்தபோது கலையரசி கல்லூரி வாசலில் பஸ்ஸுக்கு நின்றுகொண்டிருந்தாள். பஸ் ஸ்டாண்டு வரை கொண்டுவிடட்டுமா என்று பைக்கை நிறுத்திக் கேட்டான். பஸ் வருங்க சார் என்றாள். அவனுக்குக் கிளம்பவும் முடியவில்லை, நிற்கவும் தெரியவில்லை. இதழில் ஒரு திருத்தப் பக்கம் போட்டு எல்லார் பெயரையும் சேர்த்துவிடுகிறேன், செல்லதுரை சாரிடம் நானே பேசுகிறேன் என்று ஒப்பித்தான். அவள் ஊம் கொட்டினாள். ஜெயங்கொண்டம் பஸ் திருப்பத்தில் தெரிந்ததும் பையைத் தோளில் மாட்டிக்கொண்டு அவன் பக்கம் திரும்பினாள்.

"சார், அந்த ஃபைலை நான் இன்னும் நாலு பேருக்குக் குடுத்திருக்கேன்."

அவனுக்கு முதலில் புரியவில்லை.

"ஸ்காலர்ஸ்ங்க. பாதிப் பேரு தீசிஸ் கொடுக்கற நேரம். நான் போயி தப்புன்னு சொன்னா நம்ப மாட்டாங்க. முத்தமிழ்செல்வன் சாரே சொன்னதாச்சேன்னு என்னையத்தான் கேப்பாங்க. நீங்களே சொல்லிடுங்க சார்."

நாலு பேரின் எண்ணையும் அவன் போனுக்கு அனுப்பிவிட்டு அவள் பஸ் ஏறினாள். உட்கார இடம் கிடைத்ததும் ஜன்னல் கண்ணாடியைத் தள்ளிவிட்டு, எதிர்ப்பக்கம் பார்த்துக்கொண்டாள். பஸ் போய்விட்டது.

முத்தமிழ்செல்வன் பைக்கை ஓரமாகப் போட்டுவிட்டு முதல் எண்ணை அழுத்தினான். யாரோ ரஞ்சித்குமார். போன் இரண்டு தடவை அடிப்பதற்குள் எடுத்துவிட்டான்.

"சார், நீங்களா சார்? உங்க ஸ்டைல்லதான் சார் தீசிஸே போட்டுக்கிட்டு இருக்கேன். கைடு பாத்துட்டு, என்னய்யா வெளிநாட்டு யூனிவர்சிட்டி மாதிரி இருக்குன்னாரு சார். நானே தேங்க்ஸ் சொல்லணும்னு இருந்தேன்."

பையன் மூச்சு விடாமல் பேசினான். முத்தமிழ்செல்வன் அவன் நிறுத்தும் வரை காத்திருந்தான். ஒரு சிமெண்ட் லாரி கடந்துபோனது.

"தம்பி, அந்த தீசிஸ் கடைசியில ரெபரன்ஸ் லிஸ்ட் இருக்குல்ல, அதுல உங்க பேப்பருக்கு நேரா உங்க பேரு எங்க இருக்குன்னு கொஞ்சம் பாருங்க" என்றான். "பாத்துட்டு லைன்லயே இருங்க. நான் ஒண்ணு சொல்லணும்."