எங்கள் வீட்டுக் குரல்

பூசை முடிந்து வெளியே வந்த சூசையைத் தேவாலய வாசலிலேயே நிறுத்திவிட்டார் பங்குப் பேரவைச் செயலாளர் நாதன். அவருக்குப் பின்னால் இன்னும் நாலு பேர்.

"அண்ணே, கோவிச்சுக்காதீங்க. இதை ஒரு தடவை கேளுங்க."

கைப்பேசியில் கிட்டார் ஒலித்தது. அதைப் பாட்டு என்று சொல்ல சூசைக்கு மனம் வரவில்லை. பாரம் ஏற்றிய லாரி மேட்டில் ஏற மாட்டாமல் முனகுவது போலிருந்தது. அந்த முனகலுக்கு அடியிலிருந்து ஒரு பெண்குரல் மெல்ல எழுந்தது. பெரிய வெள்ளிப் புலம்பல். சிலுவையிலிருந்து இறக்கிய மகனை மடியில் வாங்கித் தாய் அழும் இடம்.

"உங்க மக வனேசா கேங் போட்ட ஆல்பமாம். மெட்டல்னு சொல்றாங்க. பிசாசுப் பாட்டு லா அண்ணே! அதுக்குள்ள நம்ம புலம்பல். பாடினது உங்க வீட்டு ஆளா?"

அந்தத் தேவாலயத்தில் புலம்பல் பாடும் உரிமை சூசையின் குடும்பத்துடையது. தாத்தா பாடினார், அப்பா பாடினார், இப்போது அவர். தேவாலயத்துக்குள் மட்டும், ஆண்குரலில் மட்டும். முன்பொருமுறை பாடகர் குழுப் பையன் ஒருவன் ஹோட்டல் விருந்தில் புலம்பலைப் பாடிவிட்டான் என்று, "வெளியே பாடிய குடும்பம் உள்ளே பாடக்கூடாது" எனத் தீர்மானம் கொண்டுவந்தவரும் சூசைதான். அந்தக் குடும்பம் இன்றுவரை அவரிடம் பேசுவதில்லை.

முதல் அடியிலேயே அவருக்குத் தெரிந்துவிட்டது. வனேசா இல்லை. அது அமலம்மாள், அவர் மனைவி.

பெரிய வெள்ளிக்கு இன்னும் சில நாட்களே இருந்தன. சூசை முதுகை நிமிர்த்தினார்.

"இது எங்க வீட்டுக் குரல் இல்லை."

"உங்க வாக்குக்கு மேல என்ன இருக்கு அண்ணே," என்றார் நாதன்.

வீட்டுக்கு வந்து சாப்பிட உட்கார்ந்தார். அமலம்மாளிடம் கேட்கலாம். கேட்டால் அவள் ஆமாம் என்பாள். அப்புறம் தேவாலய வாசலில் சொன்னது பொய்யாகிவிடும். கேட்காதவரை அது வாக்கு. அவள் மீன் குழம்பை ஊற்றினாள். அவர் தட்டைப் பார்த்தார். மகள் ஹெட்ஃபோனை மாட்டிக்கொண்டு தன் அறைக் கதவைச் சாத்திக்கொண்டாள். மூன்று பேர் இருக்கும் அந்த ஃபிளாட்டில் நின்று மூச்சுவிட ஓர் இடம் அவருக்குக் கிடைக்கவில்லை.

நாதன் அனுப்பிய இணைப்பைப் பால்கனியில், காயப்போட்ட துணிகளுக்கு நடுவே நின்று திறந்தார். பாட்டுக்குக் கீழே கேட்டவர்களின் கருத்துகள் நீண்டு கிடந்தன.

'காதில் சிமெண்டு ஊற்றியது போல இருக்கிறது. ஆனாலும் நிறுத்த முடியவில்லை' என்று ஒருவர். 'ரொம்ப மெதுவாக இருக்கிறது. பாதிப் பாட்டு வரைக்கும் ஒன்றுமே நடக்கவில்லை' என்று இன்னொருவர்.

"மெதுவா இல்லாம? செத்த பிள்ளையை வச்சுக்கிட்டு அவசரமா அழுவாங்களா?" என்று துணிகளிடம் சீறினார் சூசை. போன வருடம் பங்குச் சாமியாரும் இதையேதான் சொன்னார், சுருக்கிப் பாடுங்கள் என்று.

நூர் ஃபாத்திஹா என்ற பெண் மலாயில் எழுதியிருந்தாள்: 'வார்த்தை ஒன்றும் புரியவில்லை. உள்ளேயிருந்து யாரோ கதவைத் தட்டுகிறார்கள், வெளியே ஆள் இருந்தும் திறக்கவில்லை என்று மட்டும் தோன்றியது.'

இதை அவரால் இரண்டாம் முறை படிக்க முடியவில்லை. பாட்டை மறுபடி போட்டார். அப்பா அவருக்கு மட்டும் கற்றுக்கொடுத்த வித்தை ஒன்று உண்டு: மூன்றாம் அடியின் இழுப்புக்குள்ளேயே, கேட்பவருக்குத் தெரியாமல் மூச்சு எடுப்பது. அவருக்கு இப்போதெல்லாம் அங்கே இளைக்கிறது. அமலம்மாளுக்கு இளைக்கவில்லை. அவர் பாடிப் பழகும்போது கதவுக்கு வெளியே நின்று கேட்டே பிடித்திருக்கிறாள்.

அடுத்த கருத்து ஜாஹிர் என்பவருடையது. 'இந்தப் பெண்குரல் போலி. கம்ப்யூட்டர் செய்தது. எந்த மனுஷியாலும் மூச்சு விடாமல் இவ்வளவு நேரம் இழுக்க முடியாது.' அதற்குக் கீழே வரிசையாக ஆமோதிப்பு. 'அதானே! எனக்கும் அதே சந்தேகம்.' 'ஆன்மா இல்லாத குரல்.'

சூசை அங்கேயே பதில் எழுத இறங்கினார். கண்ணாடியை மூக்கில் ஏற்றிக்கொண்டு, அலுவலகக் கடிதம் எழுதுவது போல எழுத்து எழுத்தாகத் தட்டினார்.

'திரு. ஜாஹிர் அவர்களுக்கு. தாங்கள் குறிப்பிட்ட குரல் கம்ப்யூட்டர் அல்ல. அது என் மனைவி திருமதி அமலம்மாள் சூசை. மூச்சை எங்கே மறைக்க வேண்டும் என்பது எங்கள் வீட்டாருக்குத் தெரியும். இப்படிக்கு, ஏ. சூசை, ஓய்வுபெற்ற தலைமை எழுத்தர், ஜார்ஜ்டவுன்.'

அனுப்பியும் விட்டார்.

கொஞ்ச நேரத்தில் வனேசா அறையிலிருந்து ஓடி வந்தாள். "டேடி! என்ன பண்ணி வச்சிருக்கீங்க? எல்லாரும் உங்களுக்கு ஹார்ட் போடுறாங்க! எங்க கேங் யுகேந்திரன் போன் பண்ணி, 'யாரு லா இந்த அங்கிள், டிரம்ஸ் வாசிப்பாரா'ன்னு கேக்குறான்!"

அவளுக்குப் பின்னால் அமலம்மாள். முகத்தில் சிரிப்பில்லை.

"உங்களை யாரு என் பேரைப் போடச் சொன்னது? துணி அலமாரிக்குள்ள தலையை விட்டுக்கிட்டுப் பாடினேன், பக்கத்து வீட்டுக்குக் கேக்கக்கூடாதுன்னு. பேரு வேணாம்னு பாப்பாகிட்ட சத்தியம் வாங்கினேன். உங்களுக்காகத்தான்."

"அதுக்கு? உன்னை மிஷின்னு சொல்றான் ஒருத்தன். பார்த்துக்கிட்டு நிக்கச் சொல்றியா?"

"அவன் யாரோ எவனோ. நீங்க என்ன சொன்னீங்க? நாதன் பொண்டாட்டி எல்லாத்தையும் சொல்லிட்டா. எங்க வீட்டுக் குரலே இல்லைன்னீங்களாமே?"

  சூசையின் கையிலிருந்த கைப்பேசி அதிர்ந்தது. நாதன்.

"அண்ணே, ஏதோ உங்க பேருல வந்திருக்கு. யாரோ பொறுக்கிப் பய உங்க பேரைப் போட்டு எழுதிட்டான் போல. நீங்க இல்லைன்னு ஒரு வார்த்தை சொல்லுங்க, நான் குரூப்ல போட்டுடுறேன். வெள்ளிக்கிழமைக்கு ஒரு குறையும் வராது."

திறந்த கதவு அது. ஒரு வார்த்தைதான். அமலம்மாள் அவரையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

"நான்தான் எழுதினேன் நாதா. பாடினது என் வீட்டுக்காரி. வாசல்ல நான் சொன்னது பொய்."

எதிர்முனையில் இருமல் கேட்டது. "அப்போ... வெள்ளிக்கிழமை...?"

"தீர்மானம் கொண்டுவந்தவன் நான். எனக்கு மட்டும் வேற சட்டமா? வேற ஆளைப் பாருங்க."

வைத்துவிட்டு நாற்காலியில் உட்கார்ந்தார். சபாஷ் என்று ஒருவரும் சொல்லவில்லை. வனேசா மெல்ல அறைக்குள் போய்விட்டாள். துணிகளுக்கு அப்பால் கீழே மோட்டார் சைக்கிள்கள் போய்க்கொண்டிருந்தன.

பெரிய வெள்ளியன்று எங்கே போய் நிற்பது? விவரம் தெரிந்த நாளிலிருந்து பீடத்துக்குப் பக்கத்தில் நின்றே பழகியவர். கீழே பெஞ்சு வரிசையில் உட்கார்ந்ததே இல்லை. வீட்டிலேயே இருந்துவிட்டால் ஓடி ஒளிந்தான் என்பார்கள். போனால் வேறொருவன் பாடுவதை உட்கார்ந்து கேட்க வேண்டும்.

"நீ வழக்கமா எந்த வரிசையில உக்காருவ?" என்று கேட்டார், அவள் முகத்தைப் பார்க்காமல்.

அமலம்மாள் காய்ந்த துணிகளை ஒவ்வொன்றாக எடுத்து மடிக்கத் தொடங்கியிருந்தாள்.

"பெரிய தூணுக்குப் பின்னால. அங்கேருந்து பாடினா உங்களுக்குக் கேக்காது."