ஐம்பது அடி

பட்டறையில் அவனுக்கு அம்பதடி என்று பெயர். எந்த வண்டியைக் கட்டி இழுத்தாலும், ஐம்பது அடி போனதும் நிறுத்தி இறங்குவான். இழுவைக் கம்பியைப் பூட்டும் இரும்புப் பின், அதைக் கழலாமல் பிடிக்கும் கிளிப், சங்கிலி, பின்விளக்குப் பலகை என்று ஒவ்வொன்றாகத் தொட்டுப் பார்த்த பிறகுதான் மறுபடி ஏறுவான். மழை கொட்டினாலும் அப்படித்தான். பின்னால் இருபது பேர் ஹாரன் அடித்தாலும் அப்படித்தான்.

"உன் பாடையையும் அம்பதடியில நிறுத்திப் பாப்பியாடா?" என்று கேலி செய்வார்கள்.

"பாப்பேன். கட்டுறது நீங்கதானே."

அன்று மதியம் தங்கை போன் செய்தாள். "அண்ணா, வண்டிய எடுத்துட்டுப் போயிடணும். அவரு ரெண்டு மணிக்கு வந்துடுவாரு."

அம்பதடி இழுவை வண்டியோடு போனபோது அவள் வாசலில் நின்றிருந்தாள். கீழுதடு பிளந்திருந்தது. இடது தோளைக் கையால் தாங்கிப் பிடித்திருந்தாள். வீடு வீடாகப் போய் ரத்தம் எடுத்துப் பரிசோதனைக் கூடத்தில் கொடுப்பது அவள் வேலை. அந்தச் சின்ன எஸ்யூவி அவள் பெயரில் இருந்தது. ஊசியும் பஞ்சும் வைத்த பெட்டி அதன் பின்சீட்டில் இருந்தது. அவள் ஓடிவிடக் கூடாது என்று புருஷன் காலையிலேயே பேட்டரியைக் கழற்றி எடுத்துப் போயிருந்தான். வண்டியை விட்டுப் போனால் அதற்காக ஒருநாள் திரும்பி வர வேண்டியிருக்கும். வந்தால் உயிரோடு வெளியே போக முடியாது. இது இருவருக்கும் தெரியும்.

மாப்பிள்ளையைக் கொண்டுவந்தவனே அம்பதடிதான். இருவரும் ஆறு வருடம் ஒரே இழுவை வண்டியில் ஓடியவர்கள். நல்ல வேலைக்காரன் என்று நம்பிப் பெண் கொடுத்தான். வேலைக்காரன்தான். அதில் அவன் ஏமாறவில்லை.

அம்பதடி குனிந்தான். எஸ்யூவியின் முன்னால் இழுவைக் கம்பியை மாட்டி, மறுமுனையைத் தன் வண்டியின் கொக்கித் தட்டில் பொருத்திப் பின்னை இறக்கினான். கிளிப் மாட்டினான். இரண்டு சங்கிலிகளையும் கம்பிக்கு அடியில் குறுக்காக மாற்றிக் கோத்தான். கம்பி கழன்றாலும் அந்தக் குறுக்குச் சங்கிலி தாங்கும். எஸ்யூவியின் சாவியைத் திருப்பி ஸ்டியரிங் பூட்டை விடுவித்தான். கியரை நியூட்ரலில் போட்டான். கடைசியாகத்தான் ஹேண்ட் பிரேக்கை இறக்கினான். தெரு மேடு ஏறியது. எஸ்யூவி பின்னுக்கு இழுத்ததில் கம்பி முறுக்கேறி நின்றது.

"இன்னிக்கு மட்டும் நிக்காதண்ணா. நேரா போயிடு."

"சரிம்மா."

சொன்னானே தவிர, கால் கேட்கவில்லை. மூலைச் சுவருக்குப் பக்கத்தில் அதுவாகவே பிரேக்கில் இறங்கியது. பக்கத்தில் உட்கார்ந்திருந்த தங்கை அவன் முகத்தைப் பார்த்தாள். "ஒரே நிமிஷம்" என்று இறங்கினான்.

பின்னைத் தொட்டான். கிளிப்பைத் தொட்டான். சங்கிலியைப் பார்க்கக் குனிந்தான்.

"எல்லாம் சரியா இருக்கா மச்சான்?"

தலையைத் திருப்புவதற்குள் ஜாக்கிக் கம்பி இறங்கியது. தலைக்கு வந்ததை வலது கையில் வாங்கினான். முழங்கைக்குக் கீழே எலும்பு முறிந்தது காதில் கேட்டது. அடுத்த அடி விலாவில். விழுந்தவனின் வாயில் பூட்ஸ் கால் இறங்கியது. ஒரு பல் நாக்கின் மேல் கழன்று வந்தது.

மாப்பிள்ளை முன்னதாகவே வந்துவிட்டிருந்தான். வாசலில் இழுவை வண்டியைப் பார்த்ததும் கிட்டே வரவில்லை. வாசலில் மச்சான் கையில் ஸ்பேனர் இருக்கும். ஐம்பதாவது அடியில் வெறுங்கையோடு குனிவான். ஆறு வருடம் பார்த்ததுதானே. சுவருக்குப் பின்னால் நின்று காத்திருந்தான்.

"ஊர் சிரிச்சாலும் விடமாட்டீங்களே அந்தப் பழக்கத்த." மறுபடி விலாவில் உதைத்தான். "வண்டி இங்கதான் நிக்கும். அவளும் இங்கதான் இருப்பா. நீங்க மட்டும் கிளம்புங்க."

வண்டிகளுக்கு நடுவே மண்டியிட்டான். கிளிப்பைப் பிடுங்கி எறிந்தான். இடது கையால் சங்கிலியைப் பிடித்துக்கொண்டு, வலது கையிலிருந்த கம்பியால் பின்னைக் கீழிருந்து மேலே தட்டத் தொடங்கினான்.

அம்பதடி தரையில் கிடந்தபடியே பார்த்தான். எந்த வண்டியை அவிழ்த்தாலும் முதலில் ஹேண்ட் பிரேக், அப்புறம்தான் மற்றது. ஆத்திரத்தில் அது இவனுக்கு மறந்துபோயிருந்தது.

"மாப்ள, ஹேண்ட் பிரேக் போடு." ரத்தத்தோடு வார்த்தை வந்தது. ஏன் சொன்னான் என்று அவனுக்கே தெரியவில்லை.

"என்னை எழுப்பி அனுப்பப் பாக்குறீங்களா?" மாப்பிள்ளை சிரித்துக்கொண்டே ஓங்கித் தட்டினான்.

இரும்புப் பின் தெறித்தது. எஸ்யூவி ஒரு முழம் பின்னுக்குப் போனது. தொய்ந்திருந்த சங்கிலி சடாரென்று விறைத்து, அவன் விரல்களைக் கொக்கித் தட்டோடு சேர்த்து நசுக்கியது. அவன் கத்தியதில் சுவரில் இருந்த காக்கைகள் பறந்தன.

தங்கை இறங்கி வந்தாள். கீழே விழுந்த ஜாக்கிக் கம்பியை நல்ல கையால் எடுத்தாள். தன் தோளில் எங்கே வலித்ததோ, அவன் தோளில் அதே இடத்தில் அடித்தாள். எலும்பு உள்ளே போனது.

"போதும்மா" என்றான் அம்பதடி.

அவள் இன்னொன்று அடித்தாள். முட்டியில்.

"இப்ப அவுத்து விடுண்ணா" என்றாள்.

அம்பதடி தவழ்ந்துபோய் எஸ்யூவியில் ஹேண்ட் பிரேக்கைப் போட்டான். அவள் இழுவை வண்டியை ஒரு சாண் பின்னால் விட்டாள். சங்கிலி தளர்ந்தது. வெளியே வந்த இரண்டு விரல்கள் விரல்களாக இல்லை.

தங்கை பெட்டியைத் திறந்து பஞ்சுச் சுருளைப் புருஷன் மடியில் எறிந்தாள். "அழுத்திப் பிடிச்சுக்கோங்க. கையை மேல தூக்குங்க." தினமும் நோயாளிகளிடம் பேசும் குரல் அது. பிறகு ஆம்புலன்ஸுக்குப் போன் செய்து தெருவின் பெயரைச் சொன்னாள்.

"மச்சான், ஒரு வார்த்தை சொல்லுங்க அவகிட்ட." அவன் சுவரில் சாய்ந்து அழுதான்.

தங்கை இழுவை வண்டியை இன்னும் ஒரு சாண் பின்னால் கொண்டுவந்ததும் அம்பதடி கம்பியைத் தட்டில் பொருத்தினான். இடது கையால் பின்னை இறக்கினான். புழுதியில் கிளிப்பைத் தேடி எடுத்து மாட்டினான். சங்கிலி இன்னும் ஈரமாக இருந்தது. அவள் கொக்கியைப் பிடித்துக் கொடுக்க, குறுக்காகவே கோத்தான். ஹேண்ட் பிரேக்கைக் கடைசியில் இறக்கினான்.

அவள்தான் ஓட்டினாள். அவன் முறிந்த கையை மடியில் வைத்துக்கொண்டு பக்கத்தில் உட்கார்ந்தான். அவளே ஐம்பது அடியில் நிறுத்தினாள்.

அவள் பின்னால் போவதைக் கண்ணாடியில் பார்த்தான். பின்னைத் தொட்டாள். கிளிப்பைத் தொட்டாள். சங்கிலியைப் பார்க்கக் குனிவதற்கு முன் ஒரு தடவை திரும்பிச் சுவர்ப் பக்கம் பார்த்தாள். ஜாக்கிக் கம்பி அவள் கையிலேயே இருந்தது.