மூன்று வருஷக் கிழங்கு

பாடை தெருமுனை திரும்பியதும் காளியம்மா முதல் குடம் தண்ணீரைக் கூடத்தில் கவிழ்த்தாள். பிணம் போன வீட்டை உடனே கழுவிவிட வேண்டும். அண்ணன் வீடானாலும் முறை முறைதான். அய்யாசாமி கிடந்த இடத்தில் ஒரு குடம், கட்டிலுக்கடியில் இரண்டு குடம். அவளுக்குக் கை கொஞ்சம் தாராளம்.

மூலையில் ஒடுங்கிக் கிடந்த அவர் மனைவி நீலாம்பாளுக்கு மூன்றாவது குடத்தில்தான் உறைத்தது.

"அய்யய்யோ காளி, கட்டிலுக்கடியில கெழங்குப் பெட்டி!"

இழுத்துப் பார்த்தார்கள். சாக்கு, மணல், உள்ளே கிழங்கு எல்லாம் சொதசொதவென்று ஊறிப்போயிருந்தது.

இன்சீன் ரயில்வே ஒர்க்‌ஷாப்பில் பாய்லர் தகடு தட்டிய மனுஷனுக்குப் பூப்பைத்தியம் எப்படிப் பிடித்ததோ! துரை ஒருவர் மேமியோ மலையிலிருந்து கொண்டுவந்து கொடுத்த கிளாடியோலஸ் கிழங்கில் ஆரம்பித்தது. பெயர் வாயில் நுழையாததால் வீட்டில் அது துரைப்பூ. மழை விட்டதும் நட்டால் மாசியில் தண்டுக்கு ஏழெட்டுப் பூ. கீரையும் மிளகாயும் போடுகிற இடத்தைப் பாழாக்குகிறாரே என்று நீலாம்பாள் பதினோரு வருஷம் சண்டை போட்டாள். ஒரு வருஷம்கூட ஜெயிக்கவில்லை.

இந்தப் பெட்டியில் இருந்தது எங்கேயும் கிடைக்காத கிழங்கு. ஆயிரத்துத் தொள்ளாயிரத்து இருபத்திமூன்றில் சிவப்புப் பூவின் மகரந்தத்தை மஞ்சளில் தடவி, விதை எடுத்து, மிளகளவு கிழங்கை மூன்று மழைக்காலம் காப்பாற்றிப் பெருக்க வைத்திருந்தார். வருகிற மாசியில்தான் முதல் பூ. என்ன நிறம் வருமென்று காய்ச்சலிலும் அதே பேச்சு. "மழை விட்டுருச்சுல்ல, நட்டுடு" என்று நேற்றுக்கூடச் சொன்னார். "நீங்களே எந்திரிச்சு நடுங்க" என்று இவள் வெடுக்கென்று சொல்லிவிட்டாள். அதுதான் இப்போது நெஞ்சை அறுத்தது.

"இன்னைக்கே மண்ணுல வைக்கணும். ரெண்டு நாள்ல அழுகிடும்" என்றாள்.

"நல்லாருக்கே! தீட்டுக் கையால செடி கொடி தொடலாமா? வெந்து போவும். பதினாறு கழியட்டும் மதினி."

சுக்குக் காப்பி கொண்டு வந்திருந்த பக்கத்து வீட்டு மதீனா பீவி பாத்திரத்தைக் கீழே வைத்தாள். "எனக்கு உங்க தீட்டு இல்லையே. நான் வைக்கிறேன் அக்கா. நீ உக்காந்து சொல்லு."

காளியம்மா காலிக் குடத்தைத் தூக்கி இடுப்பில் வைத்துக்கொண்டாள்.

தெருவுக்கும் வாசலுக்கும் நடுவே இருந்த துண்டு மண்ணை மதீனா கொத்தினாள். நீலாம்பாள் நிலைப்படியில் உட்கார்ந்து சொன்னாள். நாலு விரற்கடை ஆழம். சாணுக்கு ஒன்று. அடியில் ஒரு பிடி சாம்பல். சொல்லச் சொல்ல அவளுக்கே ஆச்சரியமாக இருந்தது. காது கொடுக்காதவள் மாதிரி இருந்தே அத்தனையும் கேட்டிருக்கிறாள்.

"தலகீழா வைக்கிறியே. முளை வர்ற மூக்கு மேல பாக்கணும்."

"எது மூக்கு, எது அடி? ரெண்டும் ஒண்ணாத்தான் தெரியுது அக்கா."

நீலாம்பாள் எழுந்தாள்.

"மதினி!" என்று காளியம்மா அதட்டினாள்.

"மூணு வருசம் அவரு தொட்டுத் தொட்டு வளத்தது. என் கை பட்டா வெந்துருமா? வெந்தா வேகட்டும் போ. பெட்டிக்குள்ள அழுகறதுக்கு அது மேலு."

மண்டியிட்டு, வைத்ததையெல்லாம் எடுத்துத் திருப்பி வைத்தாள். காலையிலிருந்து வராத அழுகை அப்போதுதான் வந்தது. துடைக்கக் கை சுத்தமாக இல்லை. அழுதபடியே நட்டாள். காளியம்மா உள்ளே போய், நேற்றைய அடுப்புச் சாம்பலை முறத்தில் அள்ளிக்கொண்டு வந்து எட்டவே வைத்துவிட்டுப் போனாள்.

வெயில் சாயும்போது சுடுகாட்டிலிருந்து ஆண்கள் திரும்பினார்கள். கொள்ளி வைத்த மகன் வடிவேல் மொட்டைத் தலையும் ஈர வேட்டியுமாக முன்னால் வந்தான். அப்பா எவ்வளவு திட்டினாலும் பாத்தியின் குறுக்கே நாலே எட்டில் வாசலுக்கு வந்துவிடுகிறவன். புது மண்ணைப் பார்த்தான். அம்மாவின் கையைப் பார்த்தான். வேலியோரமாகச் சுற்றி நடந்தான்.

பின்னால் வந்தவர்களும் ஒருவர் பின் ஒருவராக வேலியோரமாகவே சுற்றி வந்தார்கள்.