தலையாட்டினதையும் எழுது

பியூலாவின் வலது கையில் ஆட்காட்டி விரலும் நடுவிரலும் போய் இருபத்தாறு நாள் ஆகியிருந்தது. அதில் இருபத்துநாலு நாளாக நான் அடித்து வைத்த மனு என் பையிலேயே கிடந்தது. பியூலா கையெழுத்துப் போட வேண்டும். அம்மா சொல்லாமல் அவள் போடமாட்டாள். அம்மா சொல்லவில்லை.

நான் ஸ்ரீவில்லிபுத்தூரில் ஒரு இ-சேவை மையத்தில் வேலை பார்க்கிறேன். பி.காம். எங்கள் வீட்டில் பன்னிரண்டாம் வகுப்பைத் தாண்டின ஒரே ஆள் நான்தான். பட்டா மாறுதல், முதியோர் பென்ஷன், தொலைந்துபோன ரேஷன் கார்டு என்று ஊருக்கெல்லாம் மனு அடித்துக் கொடுக்கிறவளால் சொந்தத் தங்கச்சிக்கு ஒன்றை அனுப்ப முடியவில்லை. நினைத்தால் சிரிப்பு வர வேண்டும். அதுவும் வரவில்லை.

நடந்தது இதுதான். பியூலா ராஜபாளையத்தில் ஒரு பேண்டேஜ் துணிக் கம்பெனியில் கட்டிங் மெஷினில் நின்றாள். பிளேடுக்கு மேலே ஒரு கம்பி மூடி இருக்க வேண்டும். மூடி இருந்தால் துணி சிக்குகிறது, வேலை ஓடவில்லை என்று சூப்பர்வைசர் பொன்னுராஜ் அதைக் கழற்றி ஸ்டோர் ரூமில் போடச் சொல்லி நாலு மாதம். அந்தப் பொன்னுராஜ்தான் எங்கள் சபையில் கமிட்டி மெம்பர். அவர்தான் பியூலாவுக்கு அந்த வேலையை வாங்கிக் கொடுத்தவர். விரல் போன அன்றைக்கு அவளைத் தன் சொந்தக் காரில் தூக்கிப் போட்டுக்கொண்டு போனவரும் அவர்தான். சீட்டெல்லாம் ரத்தமாம். வழி முழுக்க ஜெபம் பண்ணிக்கொண்டே ஓட்டினாராம். அது பொய்யில்லை, பியூலாவே சொன்னாள்.

ஆஸ்பத்திரியில் டாக்டர் எப்படி ஆச்சு என்று கேட்டபோது, "வீட்டுல கிரைண்டர்ல கைய விட்டுட்டா" என்று சொன்னவரும் அவர்தான்.

டாக்டர் அம்மாவைப் பார்த்து, "அப்படியாம்மா?" என்று கேட்டார்.

அம்மா தலையாட்டினாள்.

நான் போய்ச் சேர்வதற்குள் கிரைண்டர் என்று எழுதியாகிவிட்டது. எங்கள் வீட்டில் கிரைண்டரே கிடையாது. மாவு கடையில் வாங்குகிறோம்.

"ஏம்மா தலைய ஆட்டுன?" என்று அன்றைக்கே கேட்டேன்.

"அவிய சொல்லும்போது எப்படிட்டி இல்லன்னு சொல்ல?"

அவர் யார் என்று எனக்கும் தெரியும். சபையில் அப்பமும் ரசமும் கொடுக்கிற திருவிருந்து அன்று காணிக்கைப் பையை ஏந்திக்கொண்டு வருகிறவர். அப்பா செத்தபோது கல்லறைக் குழிக்கு முன்னால் நின்று பாட்டை எடுத்துக் கொடுத்தவர். அவர் வாயிலிருந்து பொய் வரும் என்று அம்மா அதுவரை யோசித்திருக்கவே மாட்டாள். வந்தபோது அது பொய் என்று அவளுக்குப் பிடிபட ஒரு ராத்திரி ஆயிற்று.

மனு அடித்துவிட்டேன், தொழிற்சாலை ஆய்வாளருக்கு அனுப்பப் போகிறேன் என்றபோது அம்மா தாளைத் தொடக்கூட இல்லை.

"விசுவாசி மேல விசுவாசி வெளிய போய் வழக்குச் சொல்லக் கூடாது. வேதத்துல இருக்கு."

"வேதத்துல பொய் சொல்லக் கூடாதுன்னும் இருக்கு."

"அதுவும் இருக்கு" என்றாள். அவ்வளவுதான். மறுபடி பியூலாவின் கட்டை அவிழ்த்துப் பார்த்துக் கட்டினாள். பஞ்சும் துணியும் எந்தக் கம்பெனியுடையது என்று நான் உறையைத் திருப்பிப் பார்த்தேன். பியூலாவுடைய கம்பெனிதான்.

இரண்டாவது வாரம் போதகர் வீட்டுக்கு வந்தார். எட்வின் ஐயா. நல்ல மனிதர், குரலைக்கூட உயர்த்த மாட்டார். விஷயம் எப்படியோ அவர் காதுக்குப் போயிருந்தது. நாற்காலியில் உட்கார்ந்து, பியூலாவின் தலையில் கை வைத்து ஜெபித்து, காபி குடித்து, பிறகுதான் ஆரம்பித்தார்.

"செல்லக்கனியம்மா, வெளிய கொண்டுபோயிராதீங்க. சபைக்குள்ள ஒரு குறை வந்தா என்ன செய்யணும்னு ஆண்டவர் வழி சொல்லியிருக்காரு. மத்தேயு பதினெட்டு. வாசிச்சுப் பாருங்க. வாசிச்சு, ஜெபிச்சு, பொன்னுராஜோட ஒப்புரவாயிருங்க. முதல் ஞாயிறு திருவிருந்து வருது."

அவர் போன பிறகு அம்மா கண்ணாடியைப் போட்டுக்கொண்டு வேதாகமத்தை எடுத்தாள். அம்மா ஐந்தாம் வகுப்பு. எழுத்துக்கூட்டி, விரலை வரிக்குக் கீழே ஓட்டித்தான் வாசிப்பாள். வாசித்து முடித்தவள் என்னைக் கூப்பிட்டு மறுபடி என்னை வாசிக்கச் சொன்னாள். சகோதரன் உனக்குக் குற்றம் செய்தால் முதலில் தனியாகப் போய் அவனிடமே சொல். கேட்காவிட்டால் ஒன்றிரண்டு பேரைச் சாட்சிக்குக் கூட்டிக்கொண்டு போ. அதற்கும் கேட்காவிட்டால் சபைக்குச் சொல். சபைக்கும் செவி கொடுக்காவிட்டால் அவன் உனக்கு வெளியாள்.

"மூணு தடவ போகணும்" என்றாள் அம்மா.

"ஐயா அதுக்காச் சொன்னாரு? நீ பேசாம சமாதானமாயிக்கோன்னு சொல்லிட்டுப் போறாரு."

"அவிய எதுக்குச் சொன்னாவளோ. இதுல இப்படித்தான் இருக்கு."

சனிக்கிழமை சாயங்காலம் அவளை ஸ்கூட்டியில் பொன்னுராஜ் வீட்டுத் தெருமுனை வரைக்கும் கொண்டுபோய் விட்டேன். கூட வருகிறேன் என்றதற்கு, "தனியான்னு போட்டிருக்குல்லா?" என்றாள். முனையில் வண்டியைச் சாய்த்துவிட்டு நின்றேன். எதிர்க் கடையில் பால்கோவா டப்பாக்களை அடுக்கிக்கொண்டிருந்தார்கள். எண்ணினேன். நாற்பது வரை எண்ணியிருப்பேன், அம்மா திரும்பி வந்தாள். கையில் ஒரு பிளாஸ்டிக் பை.

"என்ன சொன்னாரு?"

"ஜெபம் பண்ணச் சொன்னாரு."

"கையில என்ன?"

"ஆப்பிளு."

"வாங்கிட்டு வந்திருக்க!"

"அந்தம்மா கையில திணிச்சிட்டாவட்டி. நான் என்ன செய்ய, தெருவுல வீசவா?"

வீட்டில் அந்த ஆப்பிள்களை யாரும் அறுக்கவில்லை. சுருங்கிப் போகும்வரை தட்டில் இருந்தன.

இரண்டாவது தடவைக்குச் சாட்சி வேண்டும். நான் ஒன்று. இன்னொரு ஆளாக அம்மா பிடித்தது அழகுத்தாயை. சோழபுரத்துக்காரி, பியூலாவுக்குப் பக்கத்து மெஷின். அன்றைக்கு அலறிக்கொண்டு போய் ஸ்விட்சை அணைத்தவள் அவள்தான்.

"அக்கா, நான் மாரியம்மனுக்கு வெரதம் இருக்கவ. ஒங்க வேதத்துக்கு நான் செல்லுவனா?" என்றாள் அழகுத்தாய்.

"சாட்சின்னுதான் போட்டிருக்கு. ஞானஸ்நானம் எடுத்த சாட்சின்னு போடல" என்றாள் அம்மா.

ஷிப்ட் முடிகிற நேரத்தில் கம்பெனி கேட்டுக்கு வெளியே, வேப்பமரத்தடியில், அவர் காரை எடுக்க வந்தபோது மூன்று பேரும் போய் நின்றோம். என்னைப் பார்த்ததும் பொன்னுராஜ் சிரித்தார்.

"என்ன ஷெரின், மெட்ராஸ் போயிருப்பேன்னுல்லா நெனச்சேன். டிகிரி முடிச்சும் இங்கனதான் கெடக்கியா?"

நான் வாயைத் திறப்பதற்குள் அம்மா என் கையைப் பிடித்தாள்.

"அண்ணாச்சி, பிள்ளைக்கு எங்க வச்சுக் கை போச்சுன்னு ஆஸ்பத்திரியில வந்து திருத்திச் சொல்லுங்க. வேற ஒண்ணும் கேக்கல."

"செல்லக்கனி, நான் அந்தப் பிள்ளைக்குக் கெடுதல் நெனப்பனா? வேல வாங்கிக் குடுத்தது யாரு? தூக்கிக்கிட்டு ஓடுனது யாரு?"

"நீங்கதான். இல்லங்கல."

"பொறவு என்ன? நடந்தது நடந்துபோச்சு. எல்லாத்தையும் ஆண்டவர் பாத்துக்கிட்டுதான் இருக்காரு."

"ஆண்டவர் பாத்தாரோ என்னமோ, நான் பாத்தேன் சார்" என்றாள் அழகுத்தாய். "மறுநாளு மூடியக் கொண்டாந்து மாட்டுனதையும் பாத்தேன்."

அவர் அவள் பக்கம் திரும்பினார். "ஒனக்கு வேல வேணுமா வேண்டாமா?"

"கை இருந்தாத்தான சார் வேல."

அவர் காரில் ஏறிக் கதவைச் சாத்தினார். கண்ணாடி ஏறும்போது டாஷ்போர்டில் ஒட்டியிருந்த இந்த வருஷத்து வாக்குத்தத்த வசன அட்டை தெரிந்தது. என்ன வசனம் என்று படிக்க முடியவில்லை.

பஸ்ஸில் திரும்பும்போது எனக்குக் கோபம் வர வேண்டிய இடத்தில் ஒன்றுமே இல்லை. பல் பிடுங்கும் முன் ஊசி போட்ட ஈறு மாதிரி மரத்துக் கிடந்தது. ஜன்னலுக்கு வெளியே செண்பகத்தோப்புப் பக்கத்து மலை தெரிந்தது. அம்மா கம்பியில் தலையைச் சாய்த்துத் தூங்கிப்போனாள்.

முதல் ஞாயிறு வந்தது. அம்மா வெள்ளைச் சேலை கட்டியிருந்தாள். பியூலாவை நடுவில் உட்கார வைத்து நாங்கள் இரண்டு பக்கமும் உட்கார்ந்தோம். செயலாளர் அறிவிப்புகளை வாசித்தார். பெண்கள் ஐக்கியக் கூட்டம், புதன் வேதபாடம், சபை விருந்தான அசனத்துக்குப் பேர் கொடுப்பது. முடித்துத் தாளை மடிக்கும்போது அம்மா எழுந்து நின்றாள்.

எங்கள் சபையில் பெண்கள் அப்படி நிற்பதில்லை. யாரோ மயங்கி விழப் போகிறாள் என்று நினைத்து முன் வரிசைக்காரி தண்ணீர் பாட்டிலைத் திறந்தாள்.

"ஒரு காரியம் சொல்லணும் ஐயா" என்றாள் அம்மா. "சபைக்குச் சொல்லச் சொல்லியிருக்கு, அதனால சொல்லுதேன். மொதல்ல என் குத்தம். ஆஸ்பத்திரியில டாக்டரு கேட்டப்ப நான் பொய்க்குத் தலையாட்டுனேன். எம்பிள்ளைக்குக் கை போனது வீட்டுல இல்ல. கம்பெனியில, மூடியில்லாத மெஷின்ல. பொன்னுராஜ் அண்ணாச்சிக்குத் தெரியும். தனியாப் போயிச் சொன்னேன். சாட்சியோட போயிச் சொன்னேன். அவிய கேக்கல. இப்ப சபைதான் கேக்கணும்."

பொன்னுராஜ் காணிக்கைப் பையோடு பின்னால் நின்றிருந்தார். எல்லாரும் அவரைப் பார்த்தார்கள், பிறகு பார்க்காத மாதிரி திரும்பிக்கொண்டார்கள்.

எட்வின் ஐயா பீடத்திலிருந்து ஒரு படி இறங்கினார். எங்களிடம் இறங்கி வந்துவிடுவார் என்றுதான் நினைத்தேன். அந்த ஒரு நொடி எனக்கே ஏதோ உள்ளே அசைந்தது.

"அம்மா, உட்காருங்க. இது ஆராதனை வேளை. எல்லாத்தையும் ஆண்டவர் பாதத்துல வைப்போம். காணிக்கைப் பாட்டு."

ஆர்கன் ஆரம்பித்தது. அன்றைக்கு எல்லாரும் வழக்கத்தைவிடச் சத்தமாகப் பாடினார்கள்.

பை வரிசை வரிசையாக வந்தது. எங்கள் வரிசைக்கு வந்தது. அம்மா போட்டாள். நான் போடவில்லை. பியூலா மேலே போட்டு மறைத்திருந்த கைக்குட்டையை எடுத்துவிட்டு வலது கையை நீட்டினாள். இருபத்தாறு நாளில் அந்தக் கையை அவள் வெளியே காட்டியது அதுதான் முதல் தடவை. பெருவிரலுக்கும் மோதிர விரலுக்கும் நடுவில் ஒரு பத்து ரூபாய் நாணயம். பொன்னுராஜ் பையைச் சட்டென்று அடுத்த ஆளிடம் நகர்த்திவிட்டார். வேண்டுமென்று செய்தாரா, பார்க்கப் பயந்து செய்தாரா, தெரியாது. நாணயம் தரையில் விழுந்து பெஞ்சுக்கு அடியில் உருண்டது.

பியூலா குனிந்து அதே கையால் எடுக்கப் பார்த்தாள். வழுக்கியது. மறுபடி எடுத்தாள். பாட்டு முடிந்துவிட்டது. அவள் இன்னும் எடுத்துக்கொண்டிருந்தாள். நாணயம் தரையில் உரசுகிற சத்தம் ஆலயம் முழுக்கக் கேட்டது. யாரும் குனியவில்லை. நானும்கூட. உதவி செய்தால் அவள் என்னை மன்னிக்கமாட்டாள் என்று தோன்றியது.

பை பீடத்துக்குப் போனது. ஐயா ஆசீர்வதித்தார். அப்பத்துக்குப் பொன்னுராஜ் முதல் வரிசையில் முழங்கால் போட்டார். அம்மா எழுந்திருக்கவில்லை. நினைவு தெரிந்த நாளிலிருந்து அம்மா திருவிருந்தை விட்டு நான் பார்த்ததில்லை. காய்ச்சலோடு போயிருக்கிறாள், அப்பாவை அடக்கம் பண்ணின மூன்றாம் நாள் போயிருக்கிறாள்.

வெளியே வந்தபோது இரண்டு பெண்கள் பியூலாவின் கன்னத்தைத் தடவினார்கள். ஒருத்தி அம்மாவிடம், "நீ செத்த நேரம் பொறுத்திருக்கலாம், தனியாப் பேசியிருக்கலாம்" என்றாள்.

"பேசினேன்" என்றாள் அம்மா.

வீட்டுக்கு வந்து சேலையை மாற்றினாள். சோறு வடித்தாள். நான் கட்டிலில் கூரையைப் பார்த்துக்கொண்டு கிடந்தேன். மூன்று பேரும் சாப்பிட்டு முடித்த பிறகு, தட்டைக் கழுவிக்கொண்டே சொன்னாள்.

"ஷெரின், அந்தத் தாள எடு."

"எந்தத் தாளு?"

"நீ அடிச்சு வச்சிருக்கியே, அது. மூணு தடவ ஆயிப்போச்சு. இனிமே அவிய வெளியாளு. வெளியாளு மேல மனுக் குடுக்கலாம்."

பையிலிருந்து எடுத்தேன். மடிப்பில் கிழிய ஆரம்பித்திருந்தது. அம்மா கண்ணாடியைப் போட்டு, வேதாகமம் வாசிக்கிற மாதிரியே விரலை ஓட்டி முழுசும் வாசித்தாள். பாதி நேரம் பியூலா பக்கத்தில் உட்கார்ந்து வார்த்தைகளை எடுத்துக் கொடுத்தாள்.

"இதுல ஒண்ணு விட்டுப்போச்சு" என்றாள் அம்மா.

"எது?"

"நான் தலையாட்டுனது."

"அத எதுக்கும்மா போடணும்? அவங்களுக்குச் சாதகமாயிரும். உங்கம்மாவே ஒத்துக்கிட்டாளேம்பாங்க."

"சொன்னா சொல்லட்டும்."

"அம்மா, நான் தினமும் இதத்தான் செய்யுதேன். மனுவுல நமக்கு எதிரா நாமளே எழுத மாட்டாங்க. யாருமே எழுத மாட்டாங்க."

"நீ படிச்சவ. ஒனக்கு எல்லாந் தெரியும்" என்றாள். கிண்டலாகச் சொல்லவில்லை. "ஆனா அவிய ஒண்ண மறைச்சாவ. நான் ஒண்ண மறைச்சா எனக்கும் அவியளுக்கும் என்ன வித்தியாசம்? தலையாட்டினதையும் எழுது."

மறுநாள் காலையில் பியூலாவையும் அழைத்துக்கொண்டு மையத்துக்குப் போய், கடை திறந்ததும் முதல் வேலையாக அந்த வரியைச் சேர்த்தேன். 'மருத்துவர் கேட்டபோது என் தாயார் செல்லக்கனி அச்சத்தினால் ஆம் என்று தலையசைத்தார். அது உண்மையல்ல.' அச்சத்தினால் என்பதை அம்மா சொல்லவில்லை. அதை நான் சேர்த்தேன். அதைச் சேர்க்க எனக்கு உரிமை உண்டு என்று நினைக்கிறேன்.

தாளைப் பிரிண்ட் எடுத்து பியூலாவிடம் நீட்டி, ஸ்டாம்ப் பேடைத் திறந்து வைத்தேன். வலது பெருவிரல் இருக்கிறதே, ரேகை வைத்தால் போதும்.

அவள் ஸ்டாம்ப் பேடை மூடினாள்.

"பேனா குடு."

இடது கையில் பிடித்தாள். நாங்கள் இல்லாதபோது எத்தனை நாளாகப் பழகியிருக்கிறாள் என்று எனக்குத் தெரியாது. ஒன்றாம் வகுப்புப் பிள்ளை எழுதுகிற மாதிரி, ஒவ்வொரு எழுத்துக்கும் ஒருதரம் மூச்சு விட்டு எழுதினாள். பின்னால் பென்ஷன் மனுவுக்கு இரண்டு பேர் காத்திருந்தார்கள். அவர்களும் அவசரப்படுத்தவில்லை.

எழுத்துகள் கோட்டை விட்டு இறங்கியிருந்தன. ஆனால் பியூலா என்று படிக்க முடிந்தது.

உறையில் போட்டு ஒட்டிக்கொண்டு, பதிவுத் தபாலில் சேர்க்க இருவரும் தபால் ஆபீசுக்கு நடந்தோம்.