பூங்காவனத்தின் மூன்றாவது தாள்

1

இந்தக் கதை எப்படிக் கிடைத்தது என்பதை முதலிலேயே ஒப்புக்கொண்டுவிடுகிறேன்: திருடியது. ஆம்பூரில் வக்கீல் பக்தவச்சலத்திடம் நான் குமாஸ்தாவாக இருந்தேன்.

எழுபத்தைந்தில் ஒரு நாள் மழை பெய்துகொண்டிருந்தபோது [பெய்யவில்லை, கதைக்கு நல்லதென்று சேர்த்தேன்] பூங்காவனம் வந்தாள். அவள் புருஷன் பச்சையப்பன் தோல் கம்பெனியின் கழிவுத் தொட்டியைச் சுத்தம் செய்ய இறங்கி, விஷவாயுவில் செத்துப்போனான். குடித்துவிட்டு விழுந்தான் என்றது கம்பெனி.

"துட்டு கம்மியா வந்தாலும் பரவால்ல சார். அவரு குடிக்கலைன்னு கோர்ட்டு சொல்லணும்."

வக்காலத்தோடு மூன்று வெற்றுத் தாள்களிலும் கைநாட்டு வாங்கினேன். எங்கள் ஆபீஸ் வழக்கம் அது. ஒவ்வொரு மனுவுக்கும் அலையவிட்டால் ஒருநாள் கூலி போய்விடும் என்று வக்கீல் இரக்கப்பட்டு ஏற்படுத்தியது, சத்தியமாக.

2

வக்கீலைக் கெட்டவராக எழுதிப் பார்த்து மூன்று முறை கிழித்தேன். தொழிலாளிகளுக்கு ஃபீஸ் வாங்காமல் வாதாடியவர். அவர்கள்தான் எழுபத்தேழில் அவரை எம்.எல்.ஏ. ஆக்கினார்கள். முதல் தாள் வாய்தா மனுவுக்குப் போனது. எண்பதில் மறுபடி தேர்தல். பிரசாரத்துக்கு ஜீப்புகள் வேண்டும், ஜீப்புகள் கம்பெனியிடம் இருந்தன. அவர் மனம் மாறிய அந்தக் கணத்தில்... (முடிக்கத் தெரியவில்லை. மூக்குக்கண்ணாடியைத் துடைத்துக்கொண்டிருந்தார், அவ்வளவுதான்.)

"அந்தப் பொம்பள கைநாட்டு வச்ச பேப்பர் இருக்குல்ல? எழுது."

"இன்னான்னு சார்?"

"நீதான் கதை எழுதுற ஆளாச்சே!"

எழுதினேன். இரண்டாவது தாளில், என் கணவர் அன்று குடித்திருந்தார், வழக்கை வாபஸ் பெறுகிறேன் என்று. சாராயக்கடை வாசலில் அவன் தள்ளாடியதைக்கூடச் சேர்த்தேன், யாரும் கேட்கவில்லை. நான் எழுதி எல்லோரும் நம்பிய முதல் கதை அது. த்தூ!

3

முடிவு ஒன்று: நடுத்தெருவில் பூங்காவனம் எம்.எல்.ஏ.வின் சட்டையைப் பிடிக்கிறாள். நடக்கவில்லை.

முடிவு இரண்டு: அவர் மனம் திருந்தி... வேண்டாம், அபத்தம். மறுபடி ஜெயித்தார். எண்பத்து நாலில் மாரடைப்பில் போனபோது ஊரே கடையடைத்தது.

நடந்தது இது. வழக்கு முடிந்த மறுவாரம் அவள் ஆபீசுக்கு வந்தாள்.

"நான் எப்பண்ணா அப்படிச் சொன்னேன்? நீயே படி."

நகலைப் படித்துக் காட்டினேன். கடைசிவரை கேட்டாள்.

"ரேகை என்னுதுதானா?"

"ஆமாம்மா."

கட்டைவிரலை முந்தானையில் தேய்த்துக்கொண்டே படியிறங்கினாள். அந்த மை காய்ந்து ஐந்து வருஷம் ஆகியிருந்தது.

மூன்றாவது தாள் இன்னும் என்னிடம் இருக்கிறது. உண்மையை எழுதத்தான் வைத்திருந்தேன். ஆனால் அதையும் அவளைக் கேட்காமல்தானே எழுதுவேன்? இந்தக் கதையையே அவளைக் கேட்காமல்தான் எழுதியிருக்கிறேன். முடிவு வேண்டுமென்றால் நீங்களே எழுதிக்கொள்ளுங்கள். கைநாட்டு ஏற்கெனவே இருக்கிறது.